இண்டிபெண்டன்ட் டைரக்டர் தேர்வு: நிதி கம்பெனி அனுபவம் இருந்தா விலக்கு உண்டா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கஞ்சிக்கோட்டுல ஒரு காஸ்டிங் (உலோக வார்ப்பு) கம்பெனி. பப்ளிக் லிமிடெட்தான், ஆனா ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆகலை. பெய்ட் அப் கேப்பிட்டல் (பங்குதாரர்கள் கட்டின முதல்) 6 கோடி. கடைசி ஆடிட் கணக்குல டர்ன்ஓவர் 100 கோடியைத் தாண்டிட்டதால 2 இண்டிபெண்டன்ட் டைரக்டர் (கம்பெனியோட பண, உறவுத் தொடர்பு இல்லாத சுயேச்சை டைரக்டர்) வேணுமாம், என்னை வரச் சொல்றாங்க. அரசு வங்கியில சீஃப் மேனேஜரா ரிட்டையர் ஆனவன் நான். அதுக்கப்புறம் சித்தூர்ல (நம்ம பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராக்காரங்க குழம்ப வேண்டாம்) ஒரு நிதி கம்பெனியில (உறுப்பினர்கள்கிட்ட மட்டும் டெபாசிட் வாங்கி அவங்களுக்கே கடன் தர்ற வகை) 4 வருஷம் டைரக்டர்.

சுயேச்சை டைரக்டர் ஆக ஆன்லைன்ல ஒரு தகுதித் தேர்வு எழுதணுமாம். டைரக்டரா 3 வருஷம் இருந்தா அந்தத் தேர்வே வேண்டாம்னு ஒருத்தர் சொல்றார். 10 வருஷம் வேணும்கிறார் இன்னொருத்தர். எது சரி? எழுதணும்னா எதைப் படிக்கணும், எவ்வளவு செலவாகும்? வீட்டுக்காரம்மா பேர்ல அந்தக் கம்பெனி ஷேர் 3 லட்ச ரூபாய் முகமதிப்புக்கு இருக்கு. அதனால ஏதாவது சிக்கல் வருமா?

பதில் 1: கோவை கம்பெனி செக்ரட்டரி

ஐயா, அவர்கள் இருவருமே பாதி சரி. டைரக்டராக இருந்தவருக்கு முதலில் 10 ஆண்டு என்றுதான் விதி இருந்தது. 2020 டிசம்பர் திருத்தத்தில் அது 3 ஆண்டாகக் குறைந்தது. இன்றும் 10 ஆண்டு கேட்பது தொழில்முறையாளர்களிடம் மட்டும்: கோர்ட்டில் தொழில் செய்யும் வக்கீல், பிராக்டிஸில் உள்ள சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், காஸ்ட் அக்கவுண்டன்ட், கம்பெனி செக்ரட்டரி. அந்த விலக்கு 2021 ஆகஸ்டில் வந்தது.

ஆனால் அந்த 3 ஆண்டு எந்தக் கம்பெனியிலும் இருந்தால் போதும் என்பதில்லை. லிஸ்ட் ஆன கம்பெனியாக இருக்க வேண்டும். அல்லது பெய்ட் அப் ஷேர் கேப்பிட்டல் 10 கோடியோ அதற்கு மேலோ உள்ள லிஸ்ட் ஆகாத பப்ளிக் கம்பெனியாக இருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட்டில் 20 ஆண்டு இருந்தாலும் கணக்கில் வராது. நிதி கம்பெனி சட்டப்படி பப்ளிக் கம்பெனிதான், ஆனால் அதன் டெபாசிட் தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 30 கோடி டெபாசிட் வாங்கியிருக்கும், கேப்பிட்டல் ஒரு கோடிகூட இருக்காது. பேலன்ஸ் ஷீட்டில் ஷேர் கேப்பிட்டல் வரியை மட்டும் பாருங்கள். அது 10 கோடிக்குக் கீழே என்றால் நீங்கள் தேர்வு எழுதியே ஆக வேண்டும்.

வங்கிப் பதவியும் உதவாது. சீஃப் மேனேஜர் என்பது கம்பெனிச் சட்டம் சொல்லும் முக்கிய நிர்வாகப் பதவிகளில் சேராது. ரிசர்வ் வங்கி, செபி (பங்குச் சந்தை), ஐஆர்டிஏஐ (காப்பீடு), பிஎஃப்ஆர்டிஏ (ஓய்வூதியம்) ஆகிய ஒழுங்குமுறை அமைப்புகளில் சீஃப் ஜெனரல் மேனேஜராகவோ அதற்கு மேலோ 3 ஆண்டு இருந்தவர்கள் போன்றோருக்குத்தான் அந்த வழி திறந்திருக்கிறது.

இன்னொன்று, விலக்கு தேர்வுக்கு மட்டுமே. டேட்டாபேங்கில் (சுயேச்சை டைரக்டர்களுக்கான ஆன்லைன் பதிவேடு) பெயர் பதிவதற்கு யாருக்கும் விலக்கு இல்லை, அதுவும் நியமனத்துக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். அதை நடத்துவது மானேசரில் உள்ள ஐஐசிஏ (இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கார்ப்பரேட் அஃபேர்ஸ்). ஓராண்டுக்கு 5,000, ஐந்தாண்டுக்கு 15,000, ஆயுளுக்கு 25,000 ரூபாய். இவற்றின் மேல் 18% ஜிஎஸ்டி உண்டு, ஆக 5,900, 17,700, 29,500. நியமனம் ஒரு முறைக்கு அதிகபட்சம் 5 ஆண்டு என்பதால் நடு வழிதான் என் ஓட்டு. ஓராண்டு எடுப்பவர்கள் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். காலம் முடிந்த 30 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் பெயர் நீங்கிவிடும். பிறகு ஆண்டுதோறும் தர வேண்டிய சுயேச்சை உறுதிமொழியில் டேட்டாபேங்க் விதிக்கு உட்பட்டிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட முடியாது.

தேர்வை எழுதி முடிக்க, பெயர் சேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். அதற்குள் நியமனம் ஆகலாம், தடையில்லை. தேர்ச்சி மொத்தத்தில் 50%. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 60%, ஓராண்டு என்று சொல்லும் பழைய வீடியோக்களை நம்ப வேண்டாம்.

பதில் 2: கல்பாத்தி கணக்கர்

படிக்கிறதைப் பத்தி நான் சொல்றேன். கம்பெனிச் சட்டம், செபி விதிகள், அடிப்படைக் கணக்கு, போர்டு நடைமுறை, இவ்வளவுதான் பாடம். எல்லாம் கொள்குறி வினா. பணம் கட்டிப் பதிஞ்சதும் அந்தத் தளத்துலயே பாடங்களும் மாதிரித் தேர்வும் கிடைக்கும். வெளியில கோச்சிங்குக்குப் பணம் கட்டறது வீண்.

வழுக்குற இடம் ஒண்ணே ஒண்ணுதான். கம்பெனிச் சட்டம் ஒரு எண் சொல்லும், செபியோட லிஸ்டிங் விதி வேற எண் சொல்லும். லிஸ்ட் ஆன கம்பெனி போர்டுல சுயேச்சை டைரக்டர் மூணுல ஒரு பங்குங்கிறது சட்டம். செபி விதியில சேர்மன் நிர்வாகத்துல இருக்கிறவர்னா பாதிப் பேர் வேணும். ஆடிட் கமிட்டியில சட்டப்படி பெரும்பான்மை போதும், செபிப்படி மூணுல ரெண்டு பங்கு. கேள்வியில ‘லிஸ்டட்’னு ஒரு சொல் நைசா உட்கார்ந்திருக்கும், அதை விட்டா மார்க் போச்சு. ஒரு தாளை நடுவுல கோடு போட்டு இந்தப் பக்கம் சட்டம், அந்தப் பக்கம் செபின்னு கையால எழுதிப் பாருங்க. எண்கள் அப்பத்தான் பிரிஞ்சு மனசுல நிக்கும்.

கோரம் கணக்கு, அதாவது போர்டு மீட்டிங் செல்ல குறைஞ்சது எத்தனை டைரக்டர் இருக்கணும்கிறது, கண்டிப்பாப் பாருங்க. மொத்தத்துல மூணுல ஒண்ணு, இல்லைன்னா 2 பேர், எது அதிகமோ அது. பின்னம் வந்தா மேல ஏத்தணும். 7 பேர் போர்டுன்னா 3, 5 பேர்னா 2. தீர்மானத்துல சொந்த அக்கறை உள்ள டைரக்டரைக் கோரத்துல சேர்க்கக் கூடாது. போர்டு மீட்டிங் நோட்டீஸ் 7 நாள், ஜெனரல் மீட்டிங்குக்கு முழுசா 21 நாள். வருஷத்துக்கு 4 மீட்டிங், ரெண்டுக்கு நடுவுல 120 நாளைத் தாண்டக் கூடாது. அவசரமாக் குறுகிய நோட்டீஸ்ல கூட்டினா ஒரு சுயேச்சை டைரக்டராவது இருக்கணும். இல்லாமப் போனா தீர்மானத்தை எல்லா டைரக்டருக்கும் சுற்றுக்கு விட்டு, ஒரு சுயேச்சை டைரக்டராவது ஒப்புக்கொண்ட பிறகுதான் அது செல்லும்.

வங்கிக்காரங்க கணக்குப் பகுதியை அலட்சியமா விடறாங்க, அங்கதான் அடி விழுது. காஷ் ஃப்ளோவுல கட்டின வட்டியை எங்க போடறதுன்னு கேட்டா கை தானா ‘ஆபரேட்டிங்’னு போடும். வங்கிக்கு அது சரி. காஸ்டிங் கம்பெனி மாதிரி உற்பத்தி செய்ற இடத்துல அது ஃபைனான்சிங். அதே மாதிரி, வரலாம் வராமலும் போகலாங்கிற கடப்பாட்டைக் குறிப்புல காட்டறதும், அனேகமா வந்தே தீரும்கிறதுக்கு ஒதுக்கீடு செய்றதும் வேற வேற.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறைக்காரன்

ரொம்ப நன்றிங்க. நிதி கம்பெனி கேப்பிட்டல் 10 கோடிக்கு ரொம்பக் கீழதான், அப்ப எழுதிடறேன். ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. மருமகன் கோயமுத்தூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சம்பளத்துக்கு இருக்கார். இந்தக் கம்பெனியை ஆடிட் பண்றதும் அதே ஆபீஸ்தான். அவர் இந்த ஃபைலைத் தொடறதில்லை. இது பரவாயில்லைங்களா?

பதில் 3: கோவை கம்பெனி செக்ரட்டரி

ஐயா, பணம் இன்னும் கட்டவில்லையே? நிறுத்துங்கள்.

பிரிவு 149(6) படி உங்கள் உறவினர் அந்தக் கம்பெனியின் ஆடிட் நிறுவனத்தில் ஊழியராகவோ பார்ட்னராகவோ இருந்தால் நீங்கள் சுயேச்சை டைரக்டர் ஆக முடியாது. நியமன ஆண்டுக்கு முந்தைய 3 நிதியாண்டில் எதிலாவது இருந்திருந்தாலே போதும். உறவினர் பட்டியலில் மகளின் கணவர் பெயர் சொல்லியே இருக்கிறார். எந்த ஃபைலைப் பார்க்கிறார் என்பது கேள்வியே இல்லை. அவர் நாளைக்கே வேலையை விட்டாலும் 3 நிதியாண்டு கழிய வேண்டும். சித்தப்பா மகன் என்றால் பட்டியலில் வரமாட்டார், மருமகன் வருகிறார். சட்டத்தின் உறவுமுறை நம் வீட்டு உறவுமுறை மாதிரி இருக்காது!

மனைவியின் ஷேர் பிரச்சினை இல்லை. 6 கோடியில் 2% என்றால் 12 லட்சம், அவரிடம் 3 லட்சம்தான். ஆனால் வாக்குரிமையில் உங்கள் பங்கும் உறவினர் எல்லோர் பங்கும் சேர்த்து 2%-ஐத் தொடக் கூடாது. மகன், மகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வேண்டுமென்றால் சாதாரண நிர்வாகமற்ற டைரக்டராக அதே போர்டில் உட்காரலாம். ஆனால் 2 சுயேச்சை டைரக்டர் என்ற கணக்குக்கு நீங்கள் உதவமாட்டீர்கள், கம்பெனி வேறு ஆளைத் தேட வேண்டும். பதிவும் தேர்வும் வேறு கம்பெனிக்குப் பயன்படும் என்றால் தாராளமாக எழுதுங்கள்.

பதில் 4: வேலந்தாவளம்

வேற கம்பெனிக்கு எழுதறதா இருந்தா ரெண்டு விஷயம் அண்ணா.

பேர். நம்ம ஆளுங்க பள்ளிச் சான்றிதழ்ல ஒத்தை இனிஷியல் வெச்சிருப்போம். பான் கார்டுல இனிஷியலை விரிச்சு அப்பா பேர் கடைசிப் பேரா வந்திருக்கும். ஆதார்ல மறுபடி இனிஷியல். பான்ல இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்துலயும் கொடுங்க. டின் (டைரக்டர் அடையாள எண்) எடுத்தப்ப கொடுத்த பேரையும் ஒத்துப் பாருங்க. மாறியிருந்தா முதல்ல அதைத் திருத்துங்க, நியமனப் படிவம் டிஐஆர்-12 போடற நேரத்துல திருத்த ஓடினா அதுக்குண்டான 30 நாள் பறந்துடும். கம்பெனி பதிவு கேரளத்துலன்னா எர்ணாகுளம் ரெஜிஸ்ட்ரார்தான் பார்ப்பாங்க, நீங்க கோயமுத்தூர்ல குடியிருந்தாலும் அதேதான்.

தேர்வு வீட்டுல இருந்தே ஆன்லைன்ல. கேமராவும் மைக்கும் ஓடிட்டே இருக்கும், அதனால கதவைச் சாத்திட்டுத் தனியா உட்காருங்க. எல்லையோரத்துல ஃபோன் ஹாட்ஸ்பாட்டை நம்பாதீங்க, டவர் மாறி மாறிப் பிடிச்சு அறுந்து போகும். ஃபைபர் லைன் இருக்கிற வீடாப் பாருங்க. மழைக்காலத்துல கரண்ட் போச்சுன்னா லேப்டாப் பேட்டரியில ஓடும், ரவுட்டர் ஓடாது. ரவுட்டரை இன்வெர்ட்டர் லைன்ல மாட்டுங்க.

பதில் 5: கல்பாத்தி கணக்கர்

ஒண்ணு சேர்த்துக்கறேன். அந்த நிதி கம்பெனி வருஷாந்திரக் கணக்கும் ரிட்டர்னும் ஒழுங்காப் போட்டுச்சான்னு எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்துல கம்பெனி பேரைப் போட்டுப் பாருங்க. தொடர்ந்து 3 நிதியாண்டு போடாம விட்டிருந்தா, அப்ப போர்டுல இருந்தவங்களுக்கு பிரிவு 164(2) படி 5 வருஷத் தகுதியிழப்பு. அப்படி ஆகியிருந்தா எந்தக் கம்பெனியிலும் புதுசா நியமிக்க முடியாது, டேட்டாபேங்க் பணமும் கையை விட்டுப் போயிரும். உங்க டின் உயிரோட இருக்கான்னும் அதே தளத்துல தெரியும். பணம் கட்டறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் பார்த்துட்டு இங்கயே எழுதுங்க, மேற்கொண்டு சொல்றேன்.