மெனு பாரில் பத்து குட்டி ஆப்: வசதியா, வினையா?

ஒற்றைச்சாளரம்:
புதிதாக மேக் வாங்கிய யார் வந்து "என்னென்ன போடலாம்?" என்று கேட்டாலும் இங்கே எல்லோரும் ஒரே பட்டியலை நீட்டுகிறோம். பார்டெண்டர், ரெக்டாங்கிள் (விண்டோ அடுக்க), மாக்கி (காப்பி செய்தவற்றைச் சேர்த்து வைக்க), ஆம்ஃபெட்டமைன் (மேக் தூங்காமல் இருக்க), ரேகாஸ்ட் (தேடித் திறக்க), கராபினர் (விசைகளை மாற்ற). அந்த ஆளும் ஒரே மாலையில் அத்தனையையும் இறக்கி, கேட்ட இடத்திலெல்லாம் "அலவ்" அழுத்திவிட்டுப் போய்விடுகிறார். எதற்கு என்ன அனுமதி கொடுத்தீர்கள் என்று அடுத்த வாரம் கேளுங்கள், முழிப்பார்.

பார்டெண்டர் விவகாரத்தை அதற்குள் மறந்துவிட்டோமா? திரையின் மேல்விளிம்பில் இருக்கும் மெனு பாரின் ஐகான்களை ஒளித்து வைக்கும் ஆப் அது. பென் சர்டீஸ் என்ற ஒருவர் பத்தாண்டுக்கும் மேலாக நடத்தி வந்தார். 2024 ஜூனில், ஆப் யாருடையது என்று காட்டும் அதன் கையெழுத்துச் சான்றிதழ் மாறியிருக்கிறது என்று, ஆப்புகளின் அப்டேட்டைக் கவனிக்கும் மேக்அப்டேட்டர் எச்சரித்தது. ரெடிட்டில் சத்தம் எழுந்தது. அதற்கு அப்புறம்தான், ஆப் ஏற்கெனவே அப்ளாஸ் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது என்பதே வெளியே வந்தது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனைக்கும் அந்த ஆப் கையில் இருந்தது ஸ்க்ரீன் ரெக்கார்டிங், ஆக்ஸசிபிலிட்டி இரண்டும். அதாவது திரையில் இருப்பதைப் பார்க்கலாம், நம் சார்பில் கிளிக்கும் பண்ணலாம்.

என் கட்சி இதுதான்: இந்த இரண்டு அனுமதியையும் கேட்கும் குட்டி ஆப் எதுவும் வேண்டாம். மேக்கோடு வருவதே தாராளம்.

குறுக்குவிசை:
அண்ணே, கதையைப் பாதியில நிறுத்திட்டீங்க. அந்த விற்பனையைக் கண்டுபிடிச்சது யாரு? ஆப்பிளா? மேக்அப்டேட்டர். அதுவும் ஒரு குட்டி ஆப்தான்! உங்க கட்சிப்படி அதையும் போடாம இருந்திருந்தா இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

"மேக்கோடு வருவதே தாராளம்"ங்கிறது கேட்க நல்லா இருக்கு. விண்டோவை ஓரத்துக்கு இழுத்தா பாதித் திரைக்கு ஒட்டிக்கிற வசதி விண்டோஸ் 7ல 2009லேயே வந்தாச்சு. மேக்ல வந்தது 2024ல, செக்கோயாங்கிற மேக்ஓஎஸ் பதிப்புல. நடுவுல பதினஞ்சு வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது ஸ்பெக்டக்கிள், மேக்னட், ரெக்டாங்கிள்தான். இப்பவும் செக்கோயாவில பாதி உண்டு, கால் உண்டு, மூணுல ஒரு பங்கு கிடையாது. ரெக்டாங்கிள்ல கண்ட்ரோல்-ஆப்ஷன்-இடது அம்பை மறுபடி மறுபடி அழுத்தினா பாதி, மூணுல ரெண்டு, மூணுல ஒண்ணுன்னு மாத்திக்கிட்டே போகும். அகல மானிட்டர் வெச்சு வேலை பார்க்கிறவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

முனையம்99:
இரண்டு பேரும் மேக்கில் கட்டளை தட்டும் டெர்மினலை மறந்துவிட்டீர்கள்.

மேக் தூங்காமல் இருக்க ஆம்ஃபெட்டமைன் எதற்கு? கஃபினேட் கட்டளை 2012லிருந்து, மவுண்டன் லயனிலிருந்து, கூடவே வருகிறது. மைனஸ் டி (-d) போட்டால் திரை அணையாது. அதற்குப் பதில் மைனஸ் டபிள்யூ (-w) போட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையின் புராசஸ் எண்ணைக் கொடுத்தால், அந்த வேலை முடியும்வரை மட்டும் விழித்திருக்கும். இரவில் வீடியோ ரெண்டர் போட்டுவிட்டுப் படுக்க இதைவிட என்ன வேண்டும்?

ஐகான் நெரிசலுக்கும் பார்டெண்டர் தேவையில்லை. கமாண்டை அழுத்திக்கொண்டு ஐகானை இழுத்தால் வரிசை மாறும். ஐகான்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் மறைந்திருக்கும் அமைப்புகளை மாற்றும் டிஃபால்ட்ஸ் கட்டளையால் சுருக்கலாம். போட்டுவிட்டு ஒருமுறை லாக்அவுட் ஆகி வரவேண்டும், அவ்வளவுதான்.

குறுக்குவிசை:
முனையம் சார், உங்க வீட்டுல எல்லாரும் டிஃபால்ட்ஸ் கட்டளை எழுதிட்டுத்தான் காபி குடிப்பீங்க போல :)

2021லேருந்து வர்ற 14, 16 இன்ச் மேக்புக் ப்ரோவில, திரையோட மேல நடுவுல கேமராவுக்காக ஒரு வெட்டு, நாட்ச், இருக்கு. ஐகான் அதிகமானா அதுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். அம்புக்குறி கிடையாது, "இன்னும் இருக்கு"ன்னு ஒரு அடையாளமும் கிடையாது. விபிஎன் ஓடுதா இல்லையான்னு பார்க்க, முன்னாடி நிக்கிற ஆப்பை மூடிப் பார்க்கணும். வன்பொருளை இப்படிச் செஞ்சது ஆப்பிள், அதுக்கு வழி சொன்னது வெளியாள். இடைவெளியைச் சுருக்கினா இன்னும் நாலு ஐகான் கூடுதலாத் தெரியும். அஞ்சாவது?

வரித்தட்டி:
நான் வசன வரிகள் எழுதுகிறவள். உங்கள் கட்சி எதிலும் சேராமல் என் பாட்டைச் சொல்கிறேன்.

தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டுமே மேக்கோடு வருகின்றன. அதற்கு எந்த ஆப்பும் வேண்டாம், அந்த வகையில் ஒற்றைச்சாளரம் சொல்வது சரி. ஆனால் வசனம் ஒரு ஆப்பில், நேரக்குறி இன்னொன்றில், இயக்குநர் தரப்பின் குறிப்புகள் பிரவுசரில். ஒவ்வொரு முறை ஆப் மாறும்போதும் விசைப்பலகை மாறாமல் நிற்கும், ஆங்கிலப் பெயர் அடிக்கப் போனால் தமிழ் எழுத்துக் கூட்டம் விழும். ஆப்புக்கு ஆப் மொழியை மாற்றித் தரும் இன்புட் சோர்ஸ் ப்ரோ வந்த பிறகுதான் அந்த எரிச்சல் போயிற்று.

அப்புறம் மேக்கில் இருக்கும் டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட். சுருக்கெழுத்து போட்டால் முழு வரி வரவேண்டும். நோட்ஸில் வரும், சில ஆப்பில் வராது. பாதி இடத்தில் வேலை செய்கிற வசதியை வைத்துக்கொண்டு "தாராளம்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கிளிப்போர்டு விஷயம் மட்டும் எனக்கு உள்ளூர பயம்தான். வங்கி பாஸ்வேர்டை காப்பி பண்ணினால் அதுவும் மாக்கியின் பட்டியலில் போய் உட்காருமா?

முனையம்99:
@வரித்தட்டி: நல்ல பாஸ்வேர்டு மேனேஜர்கள் காப்பி செய்யும்போதே "இது ரகசியம்" என்று ஒரு குறி வைத்து அனுப்பும். மாக்கி அந்தக் குறியைப் பார்த்தால் சேமிக்காது. ஆனால் நோட்ஸிலோ எக்ஸெலிலோ பாஸ்வேர்டை எழுதி வைத்து அங்கிருந்து காப்பி அடித்தால் குறி இருக்காது, நேராகப் பட்டியலில் உட்காரும்.

செக்கோயாவுக்கு அடுத்த பதிப்பான டஹோவில், மேக்கின் தேடல் பெட்டியான ஸ்பாட்லைட்டுக்குள்ளேயே கிளிப்போர்டு வரலாறு வந்துவிட்டது. அங்கேயும் கவனம் தேவைதான்.

ஒற்றைச்சாளரம்:
பார்த்தீர்களா? கொஞ்சம் பொறுத்தால் ஆப்பிளே கொடுத்துவிடுகிறது. கிளிப்போர்டு வந்தது, விண்டோ ஒட்டுவது வந்தது. இரவில் திரையை மஞ்சளாக்கும் எஃப்.லக்ஸ் செய்த வேலையை 2017ல் நைட் ஷிஃப்ட் எடுத்துக்கொண்டது. டஹோவின் சிஸ்டம் செட்டிங்ஸில் எந்த ஆப்பின் ஐகான் மெனு பாரில் தெரியலாம் என்பதையே அணைத்துப் போடலாம்.

@குறுக்குவிசை: மேக்அப்டேட்டர் கண்டுபிடித்தது என்பது எனக்கு எதிரான வாதம் இல்லை. ஒரு காவல்காரனைக் கண்காணிக்க இன்னொரு காவல்காரன் வேண்டியிருந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். எனக்கு முதல் காவல்காரனே வேண்டாம்.

குறுக்குவிசை:
"பொறுத்தால் கொடுத்துவிடுகிறது" - ஆமா, யாரோ ஒருத்தர் செஞ்சு காட்டினதுக்கு அப்புறம்! 2001ல காரெலியா நிறுவனம், இணையத்துல தகவல் தேடித் தர்ற வாட்சன்னு ஒரு ஆப் விட்டது. அடுத்த வருஷம் ஜாகுவார்ங்கிற மேக் பதிப்புல ஆப்பிள் விட்ட ஷெர்லாக் 3 அச்சா அதே வேலையைப் பண்ணிச்சு. அதிலிருந்துதான் "ஷெர்லாக் ஆகிப்போச்சு"ங்கிற பேச்சே வந்தது. அப்புறம் திரையில குட்டி விட்ஜெட் வைக்கிற கான்ஃபாபுலேட்டர், அதைத் தொட்டு ஆப்பிளோட டாஷ்போர்டு. அறிவிப்பு காட்டற க்ரௌல் இருந்தது, ஆப்பிளோட நோட்டிஃபிகேஷன் சென்டர் வந்தது. நீங்க "கூடவே வருது"ன்னு சொல்ற பட்டியல்ல பாதி, எங்களை மாதிரி ஆளுங்க காசு கொடுத்து வளர்த்த குட்டி ஆப்புகளோட வேலைதான்.

அனுமதி விஷயத்துக்கு வாங்க. பார்டெண்டர் எதுக்கு ஸ்க்ரீன் ரெக்கார்டிங் கேட்குது? படம் பிடிக்க ஆசைப்பட்டு இல்லை. 2019ல கேட்டலினாங்கிற மேக் பதிப்பு வந்தப்போ, அடுத்த ஆப்போட விண்டோ படத்தைப் பார்க்கணும்னாலே இந்த அனுமதி வேணும்னு ஆப்பிள் ஆக்கிடுச்சு. மெனு பார் ஐகானும் உள்ளே பார்த்தா ஒரு குட்டி விண்டோதான். "மெனு பாரை மட்டும் பார்க்கலாம்"னு ஒரு சின்ன அனுமதி இருந்திருந்தா பிரச்சினையே இல்லை. அப்படி ஒண்ணு கிடையாது. ஜன்னல் துடைக்க வந்தவனுக்கும் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுன்னு சட்டம் போட்டது ஆப்பிள், திட்டு வாங்கறது துடைக்கிறவன்.

ஒற்றைச்சாளரம்:
சட்டம் யார் போட்டாலும் சாவி என்னுடையது. சாவி வாங்கியவர் இரவோடு இரவாக வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனால் சட்டத்தையா திட்டுவேன்?

ஆறாம்படி:
இதற்கெல்லாம் விடை ஓப்பன் சோர்ஸ். பார்டெண்டருக்கு மாற்றாக ஐஸ் இருக்கிறது, இலவசம், கிட்ஹப் தளத்தில் முழு நிரலும் இருக்கிறது. ரெக்டாங்கிள், மாக்கி எல்லாமே அப்படித்தான். பயம் இருந்தால் நிரலைப் படித்துக்கொள்ளுங்கள். விவாதம் முடிந்தது.

முனையம்99:
முடியவில்லை. ஐஸின் நிரலை நீங்கள் படித்தீர்களா? நான் படிக்கவில்லை. இங்கே படித்தவர் யாராவது இருந்தால் கை தூக்கலாம்.

2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் 2.90. ஓப்பன் சோர்ஸ் டோரண்ட் ஆப். அதிகாரபூர்வ தளத்திலேயே நிறுவியை மாற்றி வைத்துவிட்டார்கள். உள்ளே கீரேஞ்சர் ரான்சம்வேர். ஆப்பிளின் செல்லுபடியான சான்றிதழோடு கையெழுத்திட்டிருந்ததால் மேக்கின் காவலாளியான கேட்கீப்பர் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு கோப்புகளைப் பூட்டி, ஒரு பிட்காயின் கேட்டது.

2017 மே மாதம், வீடியோ வடிவம் மாற்றும் ஹேண்ட்பிரேக். அதுவும் ஓப்பன் சோர்ஸ். இறக்குவதற்கான ஒரு நகல் (மிரர்) சர்வரில் புரோட்டான் என்ற உளவு நிரல் கலந்த கோப்பு. அதை இறக்கியவர்களில் ஒருவர் பானிக் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவன் ஃப்ராங்க். மேக் ஆப் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர். அவர் மேக்கில் நுழைந்து நிறுவனத்தின் சோர்ஸ் கோடையே எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு இடத்திலும் நிரல் சுத்தம், இறக்கிய பொட்டலம்தான் அசுத்தம்.

ஆனால் ஒன்று: ஹேண்ட்பிரேக் 1.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில், ஆப்புக்குள்ளேயே இருக்கும் அப்டேட் வழியாகப் போனவர்கள் தப்பித்தார்கள். அது கோப்பின் கையெழுத்தைச் சரிபார்த்துத்தான் ஏற்கும்.

ஆறாம்படி:
சரி, அப்போ லூலூ போடுங்கள். இலவச ஃபயர்வால். மெனு பாரை அடுக்கும் ஆப்புக்கு இணையத்தில் என்ன வேலை? வெளியே போகிற வழியை அடைத்துவிட்டால் திரையைப் பார்த்தும் யாரிடம் சொல்லும்?

முனையம்99:
இது உருப்படியான யோசனை. அடைத்தால் அப்டேட்டும் வராது, அதைக் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடவே, யாருடைய ஆப் என்று அறிய டெர்மினலில் கோட்சைன் கட்டளையை விவரம் காட்டும் விருப்பத்தோடு ஓட்டுங்கள். டீம் ஐடென்டிஃபையர் என்று பத்து எழுத்து ஒரு வரியில் வரும். முக்கியமான ஆப்புகளுக்கு அதைக் குறித்து வையுங்கள். பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் அந்தப் பத்து எழுத்து மாறியிருந்தால் ஆள் மாறியிருக்கக்கூடும்.

தனிக்கடை:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் தனி ஆளாக இரண்டு மேக் ஆப் விற்கிறேன், பெயர் வேண்டாம், விளம்பரம் ஆகிவிடும்.

பார்டெண்டர் ஏன் விற்கப்பட்டது என்று யாருமே கேட்கவில்லையே? அவர் மனதில் என்ன இருந்ததோ, நான் என் கணக்கைச் சொல்கிறேன். ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். கட்டாவிட்டால் நோட்டரைஸ் பண்ண, அதாவது ஆப்பிளிடம் சோதனைக்கு அனுப்பி முத்திரை வாங்க, முடியாது, பண்ணாத ஆப்பைத் திறக்கவே மக்கள் பயப்படுவார்கள். செக்கோயாவிலிருந்து கண்ட்ரோல் கிளிக் பண்ணித் திறக்கும் குறுக்கு வழியையும் அடைத்துவிட்டார்கள், செட்டிங்ஸுக்குள் போய் அனுமதிக்க வேண்டும். ஜூனில் புது மேக்ஓஎஸ் பீட்டா வரும், ஏதாவது உடையும். டஹோவில் மெனு பாரின் உள் அமைப்பே மாறியது, இந்த வகை ஆப் எழுதுகிறவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஐஸ் உட்பட. இத்தனையும் யாருக்காக? பல வருடம் முன்னால் ஒருமுறை சின்னத் தொகை கொடுத்துவிட்டு, "புது மேக்கில் ஓடவில்லை, மோசடி" என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறவருக்காக.

சந்தா வைத்தால் "குட்டி ஆப்புக்கு மாதக் காசா?" என்று கொதிக்கிறீர்கள். ஒருமுறை விலை வைத்தால் பத்து வருடம் இலவச அப்டேட் கேட்கிறீர்கள். அப்போது ஒரு நிறுவனம் வந்து மொத்தமாக விலை பேசினால் எழுதியவர் என்ன செய்வார்? விற்றதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லாமல் விற்றதுதான் தப்பு, அதில் ஒற்றைச்சாளரத்தோடு முழுசாக ஒத்துப்போகிறேன்.

குறுக்குவிசை:
செட்டாப் மாதிரி ஒரே சந்தாவில எல்லா ஆப்பும் இருந்தா?

தனிக்கடை:
சிலருக்குச் சரிவரும். ஆனால் அங்கே உங்கள் வாடிக்கையாளர் உங்களுடையவர் இல்லை, கடைக்காரருடையவர். மூன்று ஆப் மட்டும் வேண்டியவருக்கு வருடக் கணக்கில் பார்த்தால் தனித்தனியாக வாங்குவதே மலிவு.

வரித்தட்டி:
தனிக்கடை சொன்னதைப் படித்ததும் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். பிரைவசி பகுதியில் ஆக்ஸசிபிலிட்டிக்கு ஏழு பெயர் இருக்கிறது. அதில் இரண்டை நான் அன்இன்ஸ்டால் பண்ணியே ரொம்ப நாளாயிற்று. பெயர் மட்டும் நிற்கிறது. அது ஆபத்தா?

முனையம்99:
ஆப் இல்லாதவரை ஓடப்போவதில்லை. ஆனால் அதே ஆப்பை மறுபடி போட்டால் கேட்காமலே பழைய அனுமதி கிடைத்துவிடலாம். தேர்ந்தெடுத்து கழித்தல் குறியை அழுத்தி நீக்கிவிடுங்கள்.

ஒற்றைச்சாளரம்:
@தனிக்கடை: உங்கள் கணக்கு புரிகிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கே என் பக்கம்தான் சாய்கிறது. தனி ஆள், குறைந்த வருமானம், ஒவ்வொரு வருடமும் உடையும் அடித்தளம், எப்போது வேண்டுமானாலும் கைமாறும் சொத்து. அதை நம்பி என் திரை முழுவதையும் ஏன் திறந்து வைக்க வேண்டும்? ரெக்டாங்கிளுக்கு விண்டோவை நகர்த்த ஆக்ஸசிபிலிட்டி மட்டும் போதும், திரையைப் பார்க்கக் கேட்பதில்லை. அதை வேண்டுமானால் விட்டுத்தருகிறேன். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் கேட்கும் அழகு சாதனம் எதுவும் என் மேக்கில் ஏறாது.

குறுக்குவிசை:
ரெக்டாங்கிளை விட்டுத்தந்ததுக்கு நன்றி அண்ணே :) செக்கோயாவிலிருந்து ஸ்க்ரீன் ரெக்கார்டிங் வெச்சிருக்கிற ஆப்பைப் பத்தி அப்பப்போ மேக்கே "தொடரட்டுமா?"ன்னு கேட்குது. பீட்டாவில வாராவாரம் கேட்டுச்சு, எல்லாரும் கத்தினதும் மாசத்துக்கு ஒண்ணா குறைச்சாங்க. நான் அந்தப் பெட்டி வரும்போதெல்லாம் ஆப்போட தளத்தை ஒரு நடை பார்த்துட்டுத்தான் "அலவ்" அழுத்தறேன். தனிக்கடை, உங்க ஆப் பேரை தனிமடல்ல அனுப்புங்க, காசு கொடுத்தே வாங்கறேன்.

தனிக்கடை:
அனுப்புகிறேன். முதலில் டீம் ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.