இரண்டு பட்டறை போட்டாச்சு, விரிவுரையாளர்கள் மூடுல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன செய்யலாம்?

செம்பனைக்காட்டுக்காரி (சுங்கை சிப்புட்)

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் விரிவுரையாளர். வீடு சுங்கை சிப்புட்டில். பின்கதவைத் திறந்தால் செம்பனைத் தோட்டம்தான். குலை ஏற்றிய லோரி போனால் ஜன்னல் கண்ணாடி ஆடும். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். எங்கள் குடும்பத்தில் கணினியைத் தொட்ட முதல் ஆள் நான். அதனால் எங்கே போனாலும் ‘கணினியில் கெட்டிக்காரி’ என்ற பெயர் கூடவே வருகிறது. 2020 மார்ச் 18-ல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய வாரம், எங்கள் துறைத் தலைவருக்குத் திரையைப் பகிர்வது எப்படி என்று தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தேன். நான் செய்த தப்பு அதுதான். இன்றைக்கு 42 விரிவுரையாளர்களை இயங்கலைக் கற்பித்தலுக்குப் பழக்கும் பொறுப்பு என் தலையில். மூடுல் என்பது பாடக் குறிப்பு, வினாடி வினா எல்லாம் ஏற்றும் இணையத் தளம்.

மேலே இருப்பவர்களுக்கு அவசரம். மலேசியக் கல்விப் பெருந்திட்டத்தின் உயர்கல்விப் பகுதி (2015–2025), 70 விழுக்காடு வரை பாடத்திட்டங்கள் கலப்புக் கற்றலுக்கு, அதாவது வகுப்பறையும் இணையமும் கலந்த முறைக்கு, மாறவேண்டும் என்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் அது எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது ‘ஒவ்வொரு பாடத்துக்கும் மூடுலில் பக்கம் இருக்கிறதா, டிக் போடு’ என்று சுருங்கிவிட்டது.

இரண்டு பட்டறை நடத்தினேன். காலை 9 முதல் மாலை 5 வரை, கணினிக் கூடத்தில். வருகைப் பதிவு முழுசு. கறிபாப்பும் மிச்சமில்லை. கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து. இரண்டு மாதம் கழித்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். 6 பேர் மட்டும் வினாடி வினா, கலந்துரையாடல் என்று ஏதோ முயன்றிருக்கிறார்கள். மற்ற 36 பேர் பக்கத்திலும் வாரத்துக்கு ஒரு பவர்பாயிண்ட், அவ்வளவுதான். சிலருடையதில் போன வருஷத்துத் தேதி.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவர்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறார். பொறியியல் கணிதம் எடுப்பவர், 58 வயது. பலகையில் சைன் வளைவு போட்டால் கை ஒரே இழுப்பில் போய்வரும். பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வார்கள். முதல் பட்டறையில் நான் சொன்னதையெல்லாம் கெட்டி அட்டை நோட்டில் எழுதிக்கொண்டார். “1. மேலே வலது மூலை. 2. பல்சக்கரம். 3. அதை அழுத்து.” அச்சு மாதிரிக் கையெழுத்து. இரண்டாவது பட்டறைக்குள் எங்கள் ஐடி பிரிவு மூடுலை 4-ஆம் பதிப்புக்கு மாற்றிவிட்டது. அதில் அந்தப் பல்சக்கரப் பொத்தானே கிடையாது. மனிதர் நோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் அவரிடமே படித்த பையன் ஒருவன், இப்போது உதவி விரிவுரையாளர், டக் டக்கென்று தட்டிக்கொண்டு போகிறான். சார் நோட்டை மூடி, பேனாவைச் சட்டைப் பையில் செருகி, “வீட்டுல போய்ப் பார்த்துக்கிறேன்மா” என்று எழுந்து போய்விட்டார். மறுவாரம் நகலெடுக்கும் கடையில் 80 பிரதி குறிப்புக்காக வரிசையில் நிற்கிறார்.

இப்போது மூன்றாவது பட்டறைக்குத் தேதி கேட்கிறார்கள். அதையே திரும்பச் செய்ய எனக்கு மனசில்லை. இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ‘மனப்பான்மையை மாற்றவேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது எங்கள் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது.

பழைய வாத்தியார் (பீடோங்)

அம்மா, மூன்றாவது பட்டறையை விட்டுவிடுங்கள். விடமுடியாது என்றால் பசியாறிவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவன். எங்கள் காலத்து மூடுல் தலைமேல் ஒளிப்படக் கருவி. கண்ணாடித் தாளில் எழுதி சுவரில் காட்டுவோமே, அதுதான். அதற்கும் பட்டறை, அதற்கும் சான்றிதழ். அப்புறம் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தால் கருவி துணி போர்த்தி அலமாரியில் தூங்கும். அந்த நாட்களில்தான் அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்து எழுதியதைப் படித்தேன். விளக்கிச் சொல்வது, செய்து காட்டுவது, பயிற்சி கொடுப்பது, இவ்வளவும் இருந்தால்கூட, வகுப்புக்குத் திரும்பிய பிறகு பக்கத்தில் நின்று கைகொடுக்க ஆள் இல்லாவிட்டால் கற்றது வகுப்பறைக்குள் போய்ச் சேர்வது மிகக் குறைவு. நீங்கள் முதல் மூன்றையும் செய்திருக்கிறீர்கள். நான்காவதைச் செய்யவில்லை.

உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், பால் வெட்ட அவர் எங்கே பழகினார் என்று. எங்கள் தோட்டத்தில் புது ஆளை நல்ல நிரையில் விடவே மாட்டார்கள். மறுநடவுக்காகச் சாய்க்கப்போகிற கிழ மரங்கள் இருக்கும், கத்தி பிடித்துப் பழகுவது அதில்தான். மெல்லிசாகப் பட்டையைச் சீவவேண்டும். ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் உள்ளே மரத்தில் காயம் பட்டு, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. நல்ல மரத்தில் அப்படிச் செய்தால் கங்காணி சும்மா விடுவாரா? கிழ மரத்தில் பட்டால் கேட்பார் இல்லை. எங்கள் அம்மாவுக்குப் பெரியம்மா அப்படித்தான் பழக்கினார், பின்னால் நின்று மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பி.

உங்கள் ஆட்களுக்குக் கிழ மரம் எங்கே? மாணவர் ஒருவரும் இல்லாத வெறும் பாடப் பக்கம் ஆளுக்கு ஒன்று திறந்து கொடுத்தீர்களா? அதில் என்ன கெடுத்தாலும் யார் கண்ணிலும் படக்கூடாது. முன்னாள் மாணவனைப் பக்கத்தில் உட்காரவைத்தது பெரிய தப்பு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசி வரிசை

நான் அந்த 36 பேரில் ஒருவன். உங்கள் இடத்தில் இல்லை, வேறு இடத்தில், ஆனால் ஒரே ஜாதி.

தங்கச்சி, எங்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று நினைக்காதீர்கள். வங்கி வேலை, கோயில் திருவிழாக் கணக்கு, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் காணொளி எல்லாம் என் கைப்பேசியில்தான் நடக்கிறது. அதெல்லாம் எனக்குத் தேவைப்பட்டது, கற்றுக்கொண்டேன். மூடுல் யாருக்குத் தேவை? அலுவலகத்துக்கு. பதவி உயர்வு நேர்காணலில் எத்தனை ஆய்வுக் கட்டுரை, எவ்வளவு மானியம் என்று கேட்டார்கள். எத்தனை வினாடி வினா போட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒழுங்காக ஒரு இயங்கலைப் பாடம் தயாரிக்க எனக்கு இரண்டு சனிக்கிழமை போகிறது. அந்த நேரத்தை யார் தருவது?

அப்புறம் இன்னொன்று, இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 60 பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பொத்தானைத் தேடி ஒரு நிமிடம் திணறினால், முப்பது வருஷம் சேர்த்த மரியாதை அந்த ஒரு நிமிடத்தில் கரைகிற மாதிரி இருக்கும். உங்கள் கணித சார் எழுந்து போனது எனக்கு நன்றாகப் புரிகிறது. நானாக இருந்தால் கறிபாப்புக்கு முன்னாலேயே போயிருப்பேன்.

தைப்பிங் மழை

அக்கா, நான் ஒரு அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் மின்கற்றல் பிரிவில் வேலை செய்கிறேன். முன்னே எழுதிய இருவர் சொன்னதும் சரி. நேர ஒதுக்கீடு மேலிடத்து விஷயம், அதை எழுத்தில் கேளுங்கள். மற்றதை நாளைக்கே தொடங்கலாம்.

எங்கள் துறையில் எல்லாரும் டிபேக் என்ற மாதிரியைச் சொல்வார்கள். புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-ல் எழுதியது. லீ ஷுல்மன் 1986-லேயே, பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தைப் புரியவைக்கும் வித்தை வேறு என்றார். மிஸ்ராவும் கோலரும் அதோடு கருவியை, அதாவது தொழில்நுட்பத்தை, சேர்த்தார்கள். மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் வேலை நடக்கும், கருவியைத் தனியே பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் ஒட்டாது என்பதுதான் சாரம். கணக்கியல், கணிதம், தாதியியல் என்று 42 பேரையும் ஒரே கூடத்தில் வைத்து ‘பல்சக்கரத்தை அழுத்து’ என்றால் அது கருவி மட்டும்தானே?

உங்கள் கணித சாரிடம் மூடுல் பேச்சையே எடுக்காதீர்கள். “எந்த இடத்தில் பிள்ளைகள் வருஷா வருஷம் வழுக்கி விழுகிறார்கள்?” என்று கேளுங்கள். அந்த ஒரு இடம் போதும். அப்புறம் இரண்டு பெரிய மைலோ டின், மேலே குறுக்கே ஒரு ரூலர், அதன்மேல் கைப்பேசி, கேமரா கீழே பார்க்கட்டும். அடியில் வெள்ளைத் தாள். அவர் கையும் பேனாவும் குரலும் மட்டும் பதிவாகட்டும். முகம் வேண்டாம், கூச்சம் போய்விடும்.

சிக்கனத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பிலிப் குவோவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2014-ல் எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்தார்கள். 6 நிமிடத்துக்குள் முடிகிற காணொளிகளில்தான் மாணவர் கவனம் நின்றது. பவர்பாயிண்ட் ஓட்டுவதைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்குவதை அதிக நேரம் பார்த்தார்கள். ஒரே இழுப்பில் சைன் வளைவு போடுகிற கை உங்களிடம் இருக்கிறது. எங்களுக்கெல்லாம் அப்படி ஒருவர் கிடைத்தால் மொய் எழுதுவோம்.

அவருடைய நோட்டைப் பற்றி: படி 1, 2, 3 என்று எழுதவைத்தால் அடுத்த பதிப்பில் கட்டாயம் உடையும். ‘திருத்தும் வேலை என்றால் திரையில் எந்தப் பக்கம் தேடுவது’ என்று தேடப் பழக்குங்கள். கொஞ்சம் இழுக்கும், ஆனால் நிற்கும்.

சம்பந்தமில்லாத ஒன்று. மூடுலை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் எட்டாத தூரம், வானொலி வழியாகத்தான் பாடம். தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு அவர் தூரத்துச் சொந்தம் என்று நான் பட்டறையில் சொல்வதுண்டு. யாரும் சிரிப்பதில்லை.

லாடாங் பையன்

மாணவன் எழுதலாமா? எங்கள் லயத்தில் கைப்பேசி லைன் ஒரு கோடு, மழை வந்தால் அதுவும் இல்லை. சார் காணொளி போட்டால் சந்தோஷம்தான், ஆனால் கைப்பேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் முந்நூறு நானூறு எம்பி வரும். மாசக் கடைசியில் எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. காணொளித் தெளிவை 480-க்குக் குறைத்து, முடிந்தால் புலனத்திலும் (வாட்ஸ்அப்) ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள் டீச்சர். எழுத்து தெரிந்தால் போதும், அழகெல்லாம் வேண்டாம்.

செம்பனைக்காட்டுக்காரி (மூன்று வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் அப்பாவிடம் கேட்டேன். பழைய வாத்தியார் ஐயா சொன்னது சரி, கிழ மரம்தான். முதல் வாரத்தில் எத்தனை மரத்தைக் கொத்தினார் என்று கேட்டதற்கு, “மரத்த மட்டுமா?” என்று இடது கட்டைவிரல் தழும்பைக் காட்டினார். நாற்பது வருஷம் அந்த விரலைப் பார்த்திருக்கிறேன், கேட்டதே இல்லை.

மூன்றாவது பட்டறையை ரத்து செய்ய விடவில்லை. ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தார்கள். அதில் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், ஆளுக்கு ஒரு வெறும் பக்கம் திறந்து கொடுத்தேன், ‘கிழ மரம் 1’ முதல் ‘கிழ மரம் 42’ வரை பெயர் வைத்து. பெயரைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள், வயதைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள் போல. விளக்கவேண்டியதாயிற்று. நேர ஒதுக்கீடு கேட்டு மேலே கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை. கடைசி வரிசை அண்ணன் சிரிக்கலாம்.

செவ்வாய்க்கிழமைகளில் மதியம் 2 முதல் 4 வரை ஒவ்வொருவர் அறைக்கும் நானே போகிறேன். இதுவரை 7 பேர். இந்த வேகத்தில் 42 பேரை முடிக்க அடுத்த வருஷம் ஆகும், தெரிகிறது.

முதலில் போனது கணித சார் அறைக்கு. மைலோ டின்னைப் பார்த்ததும் காப்பி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்தார். பிள்ளைகள் வழுக்கும் இடம் எது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, “ஃபூரியர் தொடர். படமா பார்த்தா புரியும், சூத்திரமா பார்த்தா பயந்துருவாங்க” என்றார். முதல் பதிவு 14 நிமிடம். இரண்டாவது 11. மூன்றாவது 7-ல் முடிந்தது, அதற்குமேல் வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாளின் விளிம்பில் அவர் விரல் நிழல் விழுகிறது, பின்னால் குலை லோரி போகும் சத்தம் கேட்கிறது. 480-க்குக் குறைத்து நான்தான் ஏற்றினேன், புலனத்திலும் அனுப்பினோம். கடவுச்சொல்லை இன்னமும் அந்தக் கெட்டி அட்டை நோட்டில்தான் எழுதிவைத்திருக்கிறார். அதைப் பற்றி நான் இப்போதைக்கு வாய் திறக்கப்போவதில்லை.

நேற்று இரவு 11 மணிக்கு அவரிடமிருந்து புலனத்தில் செய்தி. நாலாவது நிமிடத்தில் அவர் இருமியிருக்கிறாராம், அந்தத் துண்டை மட்டும் எடுப்பது எப்படி என்று கேட்கிறார். அதை எப்படி எடுப்பது என்று எனக்கும் தெரியாது. தைப்பிங் மழை தம்பி, இருந்தால் சொல்லுங்கள், செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும்.