மறுமொழி: வெப்பக் கவசமா, சூட்டுத் தட்டியா?

குழுவினர் எல்லோருக்கும் திருகோணமலையிலிருந்து வணக்கம்.

நாம் தமிழில் ஆக்கிவரும் மோட்டார் சைக்கிள் கைந்நூலில் இழுபட்டுக்கொண்டிருப்பது ஒரே அத்தியாயத்தில்தான். நெடும்பயண மோட்டார் சைக்கிளில் போகிறவரின் காலையும் தொடையையும் வாட்டும் சூட்டை எப்படிக் குறைப்பது என்பது அது. சைலன்சர் குழாய்க்கு மேல் பூட்டுகிற 'ஹீட் ஷீல்ட்' என்ற பாகத்துக்கு வெப்பக் கவசம், வெப்பக் கேடயம், வெப்பத் தடுப்பான், வெம்மறைப்பு என்று இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. இலக்கணக் குறை எதுவும் இல்லை. அந்தப் பாகம் செய்கிற வேலையை நான்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

> விண்கலத்துக்கு வெப்பக் கவசம் என்று எழுதிப் பழகிவிட்டோம். அதையே இங்கும் வைத்தால் என்ன குறை?

கவசம் என்பது உடம்போடு சேர்ந்து கிடப்பது. தலைக்கவசம் தளர்ந்திருந்தால் பொலிஸ்காரரே திட்டுவார். சைலன்சர் மேல் பூட்டுகிற தகடு அப்படி ஒட்டிக் கிடந்தால் காரியம் கெட்டது. குழாயைத் தொட்டால் கடத்தல் வழியாகச் சூடு நேரே தகட்டுக்கு ஏறிவிடும். தொடாமல் நின்றால், குழாயிலிருந்து கதிர்வீச்சாக வருகிற சூட்டைத்தான் தகடு வாங்க வேண்டும். அதிலும் ஒரு பங்கை நடுவில் ஓடுகிற காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். (இதற்கு எங்கள் பாடநூலில் மேற்காவுகை, தமிழ்நாட்டில் வெப்பச்சலனம். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

இடைவெளிக்கு உள்ள பெறுமதியைக் கணக்காகவே பார்க்கலாம். கதிர்வீச்சு, கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்குப்படி கூடும். வெளியேற்றக் குழாய் 400 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 673 கெல்வின். காற்றோட்டம் உள்ள தகடு 150 பாகையில் நிற்கிறது; அது 423 கெல்வின். மேற்பரப்பு ஒரேமாதிரி இருந்தால், காலை நோக்கித் தகடு வீசுகிற கதிர் வெறும் குழாய் வீசுவதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். தகடு பளபளப்பாக இருந்தால் இன்னும் குறையும். வடிவாக இருக்கும் என்று அதற்குக் கறுப்புப் பெயின்ற் அடிப்பவர்கள் தங்கள் காலுக்கே சூடு வைத்துக்கொள்கிறார்கள்.

இதை அனுராதபுரச் சந்திப் பக்கம் கராஜ் வைத்திருக்கிற ஓர் அண்ணரிடம் கேட்கப் போனேன். அவர் கையில் 150 சீசீ வண்டி ஒன்று இருந்தது. சைலன்சர் கவரின் ஆணியைக் கழற்றி, தகட்டின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். குழாய் பட்ட இடம் மட்டும் நீலம் பாரித்திருந்தது. அடியில் இருந்த வொஷர்கள் கறள் பிடித்து உதிர்ந்ததில் தகடு குழாயில் போய்ப் படிந்துவிட்டதாம். ஒவ்வோர் ஆணிக்கும் இரண்டு வொஷர் புதிதாகச் செருகி மறுபடி இறுக்கினார். "காத்துப் போக இடம் விடாட்டி, கவர் போட்டாலும் ஒண்டுதான், போடாட்டியும் ஒண்டுதான் தம்பி" என்றார். நான் மேலே போட்ட கணக்கை அவர் இரண்டு வொஷரில் முடித்துவிட்டார்.

இடம் விட்டு நிற்பதற்கு நம்மிடம் ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: தட்டி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மேற்கே பார்த்த கடைகளுக்கு முன்னால் கிடுகுத் தட்டி கட்டுவதை உப்புவெளியிலிருந்து மூதூர் வரை பார்க்கலாம். சுவரோடு ஒட்டிக் கட்டுவதில்லை. சற்றுத் தள்ளித்தான் கட்டுவார்கள். வெயில் தட்டியில் விழும், இடையில் காற்று ஓடும், உள்ளே ஆள் இருப்பார். சைலன்சர் தகடு செய்கிற வேலையும் இதேதான்.

முதலில் 'அனல் தட்டி' என்றுதான் யோசித்தேன். உடனே இரண்டு தொல்லை. சேர்த்து எழுதினால் அனற்றட்டி என்று புணர்த்தச் சொல்லி நம் இலக்கண நண்பர்கள் வருவார்கள். அப்படி எழுதினால் கராஜில் ஒருவருக்கும் விளங்காது. மற்றது, எங்கள் மாவட்டத்தில் அனல் என்றாலே சம்பூர் அனல்மின் நிலையம்தான் நினைவுக்கு வரும். அந்த நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டாலும் சொல் போகவில்லை. அண்ணரிடம் 'அனல் தட்டி' என்று சொல்லிப் பார்த்தபோது, அவர் கொஞ்ச நேரம் கழித்துத் தன்பாட்டில் 'இந்தச் சூட்டுத் தட்டியை...' என்று தொடங்கினார். சரி, அதையே வைத்துக்கொள்வோம். சூட்டுத் தட்டி.

> அப்படியானால் குழாயில் சுற்றுகிற கண்ணாடியிழைத் துணியும் சூட்டுத் தட்டிதானா?

இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் படிக்கிறவர் பிழையான பொருளை வாங்கிவிடுவார். துணி குழாயோடு ஒட்டியிருந்து சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கிறது. கவசம் என்ற சொல் யாருக்காவது பொருந்துமென்றால் அதற்குத்தான் பொருந்தும். ஆனால் அது நாடாவாக வருவதால் 'குழாய்ச் சுற்றுநாடா' போதும். அதன் கெடுதலையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். சுற்றுக்குள் இருக்கிற உலோகம் முன்பைவிடக் கூடுதலாகச் சூடேறும். மழையில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரண இரும்புக் குழாய் என்றால் உள்ளேயே கறள் தின்றுவிடும், வெளியே தெரியாது. உப்புக்காற்றில் ஓடுகிற எங்கள் வண்டிகளுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

அடுத்தது, 'ரைடர் ஹீட்' என்பதற்கு வந்த 'ஓட்டுநர் வெப்பம்'. படித்தால் ஓட்டுநருக்குக் காய்ச்சல் போலிருக்கிறது. வெப்பமானியில் தெரிவது வெப்பம், ஆளுக்குத் தெரிவது வெக்கை. எனவே 'வெக்கை' என்று மட்டும் எழுதுவோம். குறைப்பது 'வெக்கைத் தணிப்பு'.

> வெக்கை என்பது மாட்டு நோய்க்கும் பெயராயிற்றே?

ஆம், பழைய மாட்டு வைத்தியத்தில் அப்படி வழங்கியதுதான். மோட்டார் சைக்கிள் நூலில் ஒருவரும் அப்படிக் குழம்பப் போவதில்லை.

இந்தச் சொல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க, பெரிய வண்டிகளைப் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீதிகளில் அவற்றைக் காண்பது அரிது. கனடாவிலும் லண்டனிலும் உள்ள நம்மவர்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படும். வீ வடிவ இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் முன் சிலிண்டருக்கு எதிர்க்காற்று கிடைக்கும். பின் சிலிண்டர் அதன் மறைவில், ஓட்டுநரின் தொடைக்குக் கிட்ட இருக்கும். ஓடும்போது பெரிதாகத் தெரியாது. வாகன நெரிசலில் நின்றால்தான் வெக்கை ஏறும். ஹார்லி-டேவிட்சன் இதற்கு ஒரு வழி செய்தது. எஞ்சின் மிகவும் சூடேறி ஐட்லிங்கில் நிற்கும்போது பின் சிலிண்டருக்கு எரிபொருளை நிறுத்திவிடும். அது வெறும் காற்றை இழுத்துத் தள்ளிக்கொண்டு நிற்கும். 2009 நெடும்பயண வண்டிகளில் வெளியேற்றக் குழாயின் பாதையை மாற்றினார்கள். 2017 மாதிரிகளில் வந்த புது எஞ்சினில் பின்குழாயை உள்ளே தள்ளி, புகையின் நச்சைக் குறைக்கிற ஊக்கி மாற்றியையும் (கற்றலிற்றிக் கொன்வேற்றர்) இடம் மாற்றினார்கள். ஊக்கி மாற்றி ஏறத்தாழ 300 பாகைக்கு மேல் போனால்தான் ஒழுங்காக வேலை செய்யும், ஆகவே அதைக் குளிர்விக்க முடியாது. காலிலிருந்து தள்ளிவைக்கத்தான் முடியும். இங்கே தணிந்தது வெக்கை. எஞ்சினின் வெப்பம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. 'வெப்பக் குறைப்பு' என்று எழுதியிருந்தால் வாசகர் எஞ்சினே குளிர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்.

ரேடியேற்றர் காற்றைக் காலில் படாமல் விலக்கும் பாகத்துக்கு வந்த 'காற்றுத் திருப்பி' நன்றாகவே இருக்கிறது, ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கந்தளாய்ப் பக்கம் வைகாசி மதியத்தில் காற்றே நம் தோலைவிடச் சூடாக இருக்கும். அந்த நேரம் எந்தத் திருப்பியும் பெரிதாக உதவாது, நிழல் கண்ட இடத்தில் நிறுத்துவதுதான் வழி என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

பின்னால் இருப்பவரை மறந்துவிட்டோம். சேலையோடு ஒருக்களித்து இருக்கிற அம்மாமார், சாரத்தோடு ஏறுகிற பெரியவர்கள், நடுவில் திணிக்கப்படுகிற பிள்ளைகள் ஆகியோரின் கெண்டைக்கால்தான் சைலன்சரில் படுவது. உலோகம் 70 பாகையில் இருந்தாலே ஓரிரு செக்கனில் தோல் வெந்துவிடும். வெக்கைத் தணிப்பு வேறு, சுடாமல் காப்பது வேறு. சூட்டுத் தட்டிக்கு இரண்டாவது வேலையும் உண்டு என்று விளக்கத்தில் சேர்க்கிறேன்.

கடைசியாக 'ஹீட் சோக்'. எஞ்சினை நிறுத்தியதும் எதிர்க்காற்றும் குளிரூட்டி ஓட்டமும் நின்றுவிடும். உள்ளே இருக்கிற சூடு ரேங்குக்கும் சீற்றுக்கும் பரவும். 'வெப்ப ஊறல்' என்று வந்த மொழிபெயர்ப்பு ஊறுகாய்ப் பக்கம் போகிறது. 'தேங்குசூடு' என்று வைத்திருக்கிறேன்.

ஆக, பராமரிப்புப் பகுதி இப்போது இப்படி வரும்:

"நெரிசலில் நிற்கும்போது வெக்கை கூடினால், முதலில் சூட்டுத் தட்டி குழாயைத் தொடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். தொட்டால் வொஷர் இட்டு உயர்த்துங்கள். குழாய்ச் சுற்றுநாடா போட்டிருந்தால் மாரிக்கு முன்பு அவிழ்த்துக் கறள் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை நிறுத்திய பின், தேங்குசூடு தணியும்வரை பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்."

இதில் தேங்குசூடு மட்டும் இன்னும் என் வாயில் சரளமாக வரவில்லை. நல்லதொன்று வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள், அன்றைக்கு இந்த அத்தியாயம் பக்க அமைப்புக்குப் போகிறது.