மலைத்தடத்துக்கு ராப்டர் 700-ஆ, கிரிஸ்லி 700-ஆ? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

புதுத்தடம்:
வணக்கம். ஒஹையோவில், கொலம்பஸ் பக்கம் இருக்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் வெஸ்ட் வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் தடங்களுக்கு ஏடிவி (கரடுமுரடான தடத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஓட்டப் போவார்கள். வாடகை வண்டி எடுத்து நானும் கூடப் போனதில் ஆசை பிடித்துக்கொண்டது. இப்போது சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். பழைய வண்டிதான்.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு, இரண்டுமே யமஹா. ஒன்று ராப்டர் 700, இன்னொன்று கிரிஸ்லி 700. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எஞ்சினும் இரண்டிலும் 686 சிசி, ஒற்றை சிலிண்டர். ஊரில் கல்லூரிக் காலத்திலிருந்து புல்லட் ஓட்டிப் பழகியவன் என்பதால் கிளட்ச், கியர் உள்ள ராப்டர் பக்கமே மனசு சாய்கிறது. ஆனால் நண்பர்கள் எல்லாரும் கிரிஸ்லி மாதிரி ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) வைத்திருக்கிறார்கள். சில நேரம் மனைவியும் பின்னால் உட்கார்ந்து வர ஆசைப்படுகிறாள். எதை எடுக்கலாம்?

கரிமலை:
சிசியை விடுங்கள். இரண்டு வண்டியின் பின்பக்கமும் குனிந்து பாருங்கள்.

ராப்டரில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே நீள அச்சு இணைக்கிறது. செயின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிஸ்க்கும் அந்த அச்சில்தான் மாட்டியிருக்கும். பின் டயரின் உயரமே 20 அங்குலம். ஆக, அடியில் இருக்கும் இடைவெளி சுமார் நாலரை அங்குலம்தான். கிரிஸ்லிக்கு 25 அங்குல டயர், நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், அடியில் சுமார் 11 அங்குல இடைவெளி.

நீங்கள் போகும் மலைகளில் பல தடங்கள் பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மரம் வெட்டவும் போட்டவை. ஒரு மழைக்காலம் போனால் சக்கரம் பதியும் இடமெல்லாம் பள்ளமாகி நடுவில் திட்டு நிற்கும். அந்தத் திட்டு முதலில் தட்டுவது ராப்டரின் ஸ்ப்ராக்கெட்டை. அடியில் தகடு மாட்டலாம், மாட்டத்தான் வேண்டும். ஆனாலும் கல் மேல் தகடு உட்கார்ந்துவிட்டால் பின்சக்கரம் சும்மா சுற்றும். முன்சக்கரம் இழுக்காத வண்டியில் அதற்கு மேல் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

அங்கே பச்சை, நீலம், கறுப்பு என்று கடினத்தைக் குறித்திருப்பார்கள். பச்சையும் நீலமும் காய்ந்திருக்கும் நாளில் ராப்டர் சொர்க்கம், அதில் சந்தேகமே இல்லை. கறுப்புத் தடத்தில், அதுவும் ஈரத்தில், நாலு ஃபோர் வீல் டிரைவுக்கு நடுவே ஒரே ஒரு ராப்டர் போனால் மற்றவர்கள் ஒவ்வொரு மேட்டிலும் நின்று காத்திருக்க வேண்டிவரும். என் ஓட்டு கிரிஸ்லிக்கு.

மணல்மேடு:
கரிமலை சொல்வது அவர் ஊருக்குச் சரி. நான் மிச்சிகன், எனக்கு சில்வர் லேக் மணல்மேடுகள் பக்கம். அங்கே வந்து பாருங்கள், கனமான வண்டியெல்லாம் மூச்சு வாங்கும்.

எடையைப் பற்றி யாருமே பேசவில்லையே. ராப்டர் சுமார் 190 கிலோ. கிரிஸ்லி 300 கிலோவை ஒட்டி வரும், ரேக்கில் சாமான் ஏற்றினால் இன்னும் கூடும். ராப்டர் சேற்றில் மாட்டினால் இரண்டு பேர் பின்பக்கம் பிடித்து நகர்த்தி வைத்துவிடலாம். கிரிஸ்லி மாட்டினால் விஞ்ச் (கம்பி வடத்தால் வண்டியை இழுக்கும் கருவி) இல்லாமல் கதை நடக்காது. சரிவில் கவிழ்ந்தால் எது மேலே விழுவது பரவாயில்லை என்றும் யோசியுங்கள். வளைவில் பின்பக்கத்தைச் சறுக்கவிட்டுத் திருப்பும் சுகம் அந்தப் பெரிய வண்டியில் கிடைக்கவே கிடைக்காது ப்ரோ. அப்புறம் ராப்டரில் ரிவர்ஸ் கியர் உண்டு. அதே கம்பெனியின் ஒய்எஃப்இசட்450ஆரில் அதுகூடக் கிடையாது. ஸ்போர்ட் வண்டிகளில் தடத்துக்கு ஓரளவு ஒத்துவருவது இதுதான்.

வால்பாறைக்காரி:
மனைவி பின்னால் உட்காருவதைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இந்த இரண்டிலும் முடியாது.

கிரிஸ்லியின் சீட் நீளமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஏற்றத்தில் முன்னால் நகரவும் இறக்கத்தில் பின்னால் நகரவும் ஓட்டுபவருக்கு இடம் வேண்டும், அதற்குத்தான் அந்த நீளம். பின்னால் ஒருவர் இருந்தால் ஏற்றத்தில் எடை முழுக்கப் பின்சக்கரத்துக்குப் போய் முன்பக்கம் தூக்கிவிடும். ஹாட்ஃபீல்ட்-மெக்காயில் விதியும் அப்படித்தான்: இரண்டு பேருக்கென்றே தயாரித்த வண்டி இல்லையென்றால் பின்னால் ஆள் ஏறக்கூடாது. ஹெல்மெட் எல்லாருக்கும் கட்டாயம்.

இருவராகத்தான் போக வேண்டும் என்றால் கேன்-ஆம் அவுட்லேண்டர் மேக்ஸ், போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் டூரிங் மாதிரி வண்டிகளைத் தேடுங்கள். இல்லையென்றால் அந்த வாரக்கடைசிக்கு மட்டும் சைடு-பை-சைடு (இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டி) வாடகைக்கு எடுங்கள். அதைவிட நல்லது, அவங்களையே ஓட்டச் சொல்வது. என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து போவது எனக்கும் பிடிக்காது :)

புதுத்தடம்:
நன்றிங்க. மனைவியிடம் காட்டினேன், "அப்போ எனக்கும் ஒன்று" என்கிறாள். செலவு இரட்டிப்பாகிவிடும் போல!

மணல்மேடு சார், மணலுக்கு நான் வருவது அபூர்வம். எங்கள் கும்பல் பெரும்பாலும் ஹாட்ஃபீல்ட்-மெக்காயின் பேர்வாலோ, ராக்ஹவுஸ் பகுதிகளுக்குத்தான் போகும். அங்கே கறுப்புத் தடம் இல்லாமல் நண்பர்கள் திரும்புவதில்லை. ஒரே சந்தேகம்: கியர் மாற்றும் வேலையே இல்லாத வண்டியில், செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டுமா?

கரிமலை:
வேண்டாம். கிரிஸ்லியின் பெல்ட் டிரான்ஸ்மிஷனில் எஞ்சின் பிரேக்கிங் நன்றாகவே வேலை செய்யும். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) போட்டு, ஃபோர் வீல் டிரைவ் போட்டு, த்ராட்டிலிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். வண்டி தானாகவே நிதானமாக இறங்கும். பிரேக் தொட்டுக்கொள்ள மட்டும்தான். ஏறும்போதும் இதே லோ ரேஞ்ச்தான். ராப்டரில் பாதி ஏற்றத்தில் எஞ்சின் அணைந்தால் பிரேக், கிளட்ச், ஸ்டார்ட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். வண்டி பின்னால் உருள ஆரம்பித்துவிட்டால் புது ஆளுக்கு அது சிரமம்.

புல்லட் ஓட்டியவர் என்கிறீர்கள். அதனால் ஒன்று சொல்ல வேண்டும், எந்த வண்டி எடுத்தாலும் இது பொருந்தும். பைக் சாயும்போது கால் தானாகத் தரைக்குப் போகும், இல்லையா? ஏடிவியில் அந்தப் பழக்கம்தான் காலை உடைக்கும். ஊன்றிய கால் மீது உங்கள் பின்சக்கரமே ஏறிவிடும். என்ன நடந்தாலும் பாதம் மிதியை விட்டு வெளியே வரக்கூடாது. திருப்பத்திலும் பைக்கைப் போல வண்டி தானாகச் சாயாது. நீங்கள்தான் சீட்டில் நகர்ந்து, உள்பக்கமாக உடம்பைச் சாய்க்க வேண்டும். ஏடிவி சேஃப்டி இன்ஸ்டிட்யூட் நடத்தும் பயிற்சி ஒன்று இருக்கிறது. வீட்டில் இருவருமே போய் வாருங்கள்.

மணல்மேடு:
பேர்வாலோ என்றால் சரி, நான் விலகிக்கொள்கிறேன். அந்தக் கற்களுக்கு ராப்டரைக் கொண்டுபோவது பாவம். என்றைக்காவது மணலுக்கு வந்தால் என் வண்டியில் ஒரு சுற்றுப் போங்கள்.

ஸ்பேனர்:
தாமதமாக வருகிறேன். முடிவு கிரிஸ்லி என்றால், பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் பளபளப்பைப் பார்க்காதீர்கள், கழுவித் துடைத்தால் எதுவும் பளபளக்கும்.

முதலில் சீட்டைக் கழற்றி ஏர்பாக்ஸை (காற்று ஃபில்டர் இருக்கும் பெட்டி) திறங்கள். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் பக்கம், காய்ந்த சேற்றுக் கோடு இருந்தால் வண்டி தண்ணீரில் மூழ்கியிருக்கிறது என்று அர்த்தம். அத்தோடு கிளம்பிவிடுங்கள். அடுத்தது நான்கு சக்கரத்துக்கும் போகும் அச்சுகளின் ரப்பர் உறைகள். கிழிந்திருந்தால் சுற்றிலும் கிரீஸ் தெறித்திருக்கும். உறை மலிவுதான், ஆனால் உள்ளே மண் போன மூட்டு அப்படியல்ல. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட்.

பிறகு புல்தரையில் ஃபோர் வீல் டிரைவையும் டிஃப் லாக்கையும் (முன்சக்கரம் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு) போட்டு மெதுவாகத் திருப்புங்கள். ஸ்டியரிங் கனத்து, வண்டி நேராகப் போகவே பார்க்க வேண்டும். எந்த மாற்றமும் தெரியாவிட்டால் முன்பக்கம் வேலை செய்யவில்லை. கடைசியாக முன் டிஃபரென்ஷியல் (முன்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்பெட்டி) எண்ணெயை எப்படியாவது பார்த்துவிடுங்கள்.

புதுத்தடம்:
இன்று போய்ப் பார்த்தேன். ஏர்பாக்ஸ் சுத்தம். உறைகள் நன்றாக இருக்கின்றன. டிஃப் லாக் போட்டதும் ஸ்டியரிங் கனத்தது. ஆனால் முன் டிஃப் எண்ணெய் பால் டீ நிறத்தில் இருந்தது. விட்டுவிடலாமா?

ஸ்பேனர்:
தண்ணீர் கலந்திருக்கிறது. அதற்காக வண்டியை விட வேண்டாம், விலையைக் குறையுங்கள். சீல் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றும் செலவை ஒரு கடையில் விசாரித்து அந்தத் தொகையைக் கழித்துக் கேளுங்கள். வடிக்கும்போது உலோகத் துகள் வருகிறதா என்று மட்டும் விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடிப்பொடியாகச் சாம்பல் நிறப் பசை என்றால் பரவாயில்லை, சில்லுகளாக வந்தால் வேண்டாம். வாங்கியதும் எண்ணெயை மாற்றி, ஒரு நாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். திரும்பவும் வெளுத்தால் சீலை மாற்றியே ஆக வேண்டும். பிரீதர் குழாய் (டிஃபுக்குள் காற்று போய்வரும் குழாய்) கழன்றிருந்தாலும் இப்படித் தண்ணீர் போகும், அதையும் பாருங்கள்.

புதுத்தடம்:
துகள் இல்லை, பசைதான். விலையும் கொஞ்சம் இறங்கினார், சனிக்கிழமை எடுக்கிறேன். டிரெய்லர் இல்லை, பிக்கப்பில் ஏற்றலாம்தானே? பெட்டி ஐந்தரை அடி.

கரிமலை:
ஏற்றலாம், டெயில்கேட்டை, அதாவது பெட்டியின் பின்கதவை, திறந்தே வைக்க வேண்டிவரும். அது எவ்வளவு எடை தாங்கும் என்று வண்டிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ராம்ப்பை (வண்டி ஏற்றும் சாய்பலகை) பட்டையால் பிக்கப்போடு இறுக்கிக் கட்டாமல் ஏற்றாதீர்கள், முன்சக்கரம் ஏறும் நேரத்தில் ராம்ப் பின்னால் நழுவிவிடும். லோ ரேஞ்ச், ஃபோர் வீல் டிரைவ் போட்டு மெதுவாக ஏற்றுங்கள், நண்பர்களைப் பின்னால் நிற்கவிடாதீர்கள்.