டான்யூப் கரையில் சைக்கிளோடு: வழியில் சந்தித்தவர்கள்

பதிவைத் தொடங்கியவர்:

வியன்னாவுக்கு வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க டான்யூப் ஆற்றை மெட்ரோ ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். பழைய சைக்கிள் ஒன்று வாங்கிய பிறகுதான் ஆற்றோடு பழக்கம் ஏற்பட்டது. வழிகாட்டி வைத்துக் கூட்டமாக அழைத்துப் போகிறவர்கள் இங்கே உண்டு. நான் அப்படிப் போனதில்லை. சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு மேலே எங்காவது இறங்குவேன், ஆறு போகிற திசையிலேயே மிதித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவேன். நினைத்த இடத்தில் நிற்கலாம். நின்ற இடத்தில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். அப்படிக் கிடைத்த மனிதர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. உங்களுக்கும் நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

முதல் பயணத்தில் நான் செய்த தவறு, வியன்னாவுக்கு மேற்கே உள்ள கிரெம்ஸ் ஊரில் இறங்கி, இன்னும் மேற்கே மெல்க் ஊர் நோக்கி மிதித்தது. வரைபடத்தில் 36 கிலோமீட்டர்தான், வழி நெடுக ஆற்றங்கரை, பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. அரை நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் காற்று வரும். எதிர்காற்று என்றால் சமதரையே மலையேற்றம் ஆகிவிடும். வைசன்கிர்ஹன் கிராமத்தில் மூச்சு வாங்க ஒரு வீட்டு வாசலில் நின்றேன். அங்கே ஒரு பாட்டி சின்ன மேசை போட்டு ஆப்ரிகாட் பழம் விற்றுக்கொண்டிருந்தார். இங்கே அதற்கு மரில்லன் என்று பெயர், ஜூலையில் பழுக்கும். நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று கேட்டார். கையால் மேற்கே காட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ஒரு பழத்தை எடுத்து இரண்டாகப் பிளந்து கொட்டையைத் தட்டிவிட்டு என் உள்ளங்கையில் வைத்தார். வெயிலில் இருந்த பழம், சூடாக இருந்தது. "மெல்க்கிலிருந்து வா. ஆறும் தள்ளும், காற்றும் தள்ளும்" என்றார். அன்றைக்கு ஸ்பிட்ஸ் வரைக்கும் போய் ரயிலேறித் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை மேற்கிலிருந்து கிழக்கேதான்.

அடுத்து, எந்தக் கரை என்ற கேள்வி. வாஹாவ் என்று சொல்லப்படும் இந்தப் பகுதி 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஊர்கள் பெரும்பாலும் வடகரையில் இருப்பதால் கூட்டமும் அங்கேதான். வில்லன்டார்ஃப் வீனஸ் என்ற 11 சென்டிமீட்டர் ஆதிகாலக் கற்சிலை, 1908-இல் ரயில்பாதை வேலையின்போது கிடைத்த இடமும் வடகரைப் பாதையிலேயே வருகிறது. சிலை வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தென்கரையில் தோட்டமும் நிழலும் அமைதியும் உண்டு, கடைகள் குறைவு. என்னைக் கேட்டால் பாதி வழியில் கரை மாறுவதுதான் நல்லது. ஆனால் மெல்க் பாலத்தை விட்டால் கிரெம்ஸ் வரை பாலமே கிடையாது. படகுதான்.

ஸ்பிட்ஸ் துறையில் கார், சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றுகிற தட்டையான படகு ஒன்று ஓடுகிறது. அதில் உந்தித் தள்ள மோட்டார் கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஓர் இரும்பு வடம் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதில் உருளும் கப்பியோடு படகைக் கம்பியால் இணைத்திருக்கிறார்கள். சுக்கானைத் திருப்பிப் படகைச் சற்றுச் சாய்வாக நிறுத்தினால், ஓடுகிற தண்ணீரே அதை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. முதல்முறை ஏறியபோது எஞ்சின் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கப்பி உருளும் சத்தம் மட்டும்தான் கேட்டது. சுக்கான் பிடித்தவரிடம் "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். "அது ஆற்றைப் பொறுத்தது" என்றார். தண்ணீர் குறைந்தால் மெதுவாகப் போகும், வெள்ளம் வந்தால் படகு கிடையாது. கரையில் ஒரு வீட்டுச் சுவரைக் காட்டினார். 2002, 2013 என்று வெள்ளம் ஏறிய உயரத்தைக் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். ஒரு கோடு என் தலைக்கு மேலே இருந்தது.

இன்னொரு மனிதரையும் சொல்லிவிடுகிறேன். கரையில் கிலோமீட்டர் பலகைகள் உண்டு. ரைன் போன்ற சில ஆறுகளுக்குத் தூரத்தை மேலிருந்து கீழ்நோக்கி அளப்பார்கள். டான்யூபில் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி அளக்கிறார்கள். அதனால் நாம் கீழே வர வர எண் குறையும். வியன்னாவின் ரைக்ஸ்ப்ரூக்கெ பாலத்தருகே பலகை எண் 1929 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். கிரெம்ஸைத் தாண்டி 2000-த்தை நெருங்கும் இடத்தில், எழுபது வயது இருக்கும் ஒருவர் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். கேரியரில் கூடாரம், ஒரு சின்ன அடுப்பு. எனக்கு இந்தப் பலகைக் கணக்கை விளக்கியவர் அவர்தான். "எது வரைக்கும் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "பூஜ்யம் வரைக்கும்" என்றார். ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

மறுமொழி 1:

அருமையான பதிவு அண்ணா. என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். நான் வியன்னாவிலிருந்து ஸ்லோவாக்கியா தலைநகர் ப்ராட்டிஸ்லாவாவுக்குப் போனேன். யூரோவெலோ 6 என்ற சைக்கிள் நெடும்பாதையின் ஒரு துண்டு அது. லோபாவ் பக்கம் எண்ணெய்க் கிடங்குகளைத் தாண்டியதும் வெள்ளத்தடுப்புக் கரைமேல் பாதை ஏறுகிறது. அதற்குப் பிறகு மணிக்கணக்கில் ஒரே நேர்க்கோடுதான். இரண்டு பக்கமும் காடு, ஆனால் கரைமேல் நிழல் கிடையாது. ஆற்றையும் பார்க்க முடியாது. பாதி வழியில் எனக்கு மனது விட்டுப்போனது, உண்மையாகவே அழுகை வந்தது.

அந்த இடத்தில்தான் பின் டயர் பஞ்சர். மாற்று ட்யூப் வைத்திருந்தேன். ஆனால் கையிலிருந்த பம்பு தடித்த வால்வுக்கானது. என் ட்யூபில் இருந்ததோ மெல்லிய பிரெஞ்சு வால்வு. வெயிலில் உட்கார்ந்துவிட்டேன். கொசு வேறு. எதிரே வந்த ஒரு பெண்மணி, அறுபதைத் தாண்டியிருப்பார், கேட்காமலேயே இறங்கினார். சக்கரத்தைக் கழற்றி, டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. பாதி அரிசி அளவுக்கு ஒரு முள். "இதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அதுவும் போயிருக்கும்" என்று சொல்லி நகத்தால் பிடுங்கி என்னிடமே கொடுத்தார். பிறகு தன் பம்பால் காற்றும் அடித்துக் கொடுத்தார்.

நான் இந்தக் காட்டைப் பற்றிச் சலித்துக்கொண்டேன். அவர் வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "இந்தக் காடு இருப்பதற்காக நான் பனியில் படுத்திருக்கிறேன்." 1984 டிசம்பரில் ஹைன்புர்க் அருகே அணை கட்டி நீர்மின் நிலையம் அமைக்க அரசு மரம் வெட்ட வந்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தடுத்தார்கள். போலீஸ் தடியோடு வந்தது. அப்படியும் அவர்கள் கலையவில்லை. கடைசியில் அரசு வேலையை நிறுத்தியது, அணை வரவேயில்லை. 1996-இல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. அந்தப் போராட்டத்தின்போது அவர் கல்லூரி மாணவி. குளிருக்கு வைக்கோல் பரப்பிப் படுத்தார்களாம். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சூப் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

அவர் போன பிறகு நான் கரையிலிருந்து இறங்கி ஒரு கிளைப்பாதையில் நடந்து ஆற்றைத் தொட்டுவிட்டு வந்தேன். அந்தப் பாதையை இனி யாரும் அலுப்பான வழி என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. மாலையில் ஹைன்புர்க் பாலம் ஏறித் தென்கரைக்கு மாறி ப்ராட்டிஸ்லாவா போய்ச் சேர்ந்தேன். திரும்ப ரயிலில் ஒரு மணி நேரம்தான்.

மறுமொழி 2:

நல்ல தகவல்கள். ஜூலையில் குடும்பத்தோடு வருகிறோம். பையனுக்கு ஒன்பது வயது. கார் போகிற சாலையில் அவனை ஓட்டவிட எனக்குப் பயம். அவனை எங்கே அழைத்துப் போகலாம்?

மறுமொழி 3:

சார், யோசிக்கவே வேண்டாம், டானவ்இன்செல் தீவு. நகரத்துக்குள்ளேயே 21 கிலோமீட்டர் நீளம், தீவின் மேல் கார் போக்குவரத்து இல்லை. மெட்ரோவில் போய் நடுவிலேயே இறங்கலாம். என் மகள் சின்னச் சக்கரத்தை எடுத்துவிட்டு ஓட்டப் பழகியது அங்கேதான்.

அது தானாக உருவான தீவு அல்ல. வெள்ளத்தைத் திருப்பிவிட ஆற்றுக்கு இணையாக ஒரு கால்வாய் வெட்டினார்கள், தோண்டிய மண்ணைக் கொட்டித் தீவு ஆக்கினார்கள். 1972-இல் தொடங்கி 1988-இல் முடித்தார்கள். மதகு மூடியிருக்கும் நாட்களில் கால்வாய்த் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும். குழந்தைகள் குளிக்கலாம்.

மகள் ஓட்டிக் களைத்தபோது ஒரு நாள், தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாலத்தைக் காட்டி, "இது புதுசு" என்று அவளிடம் சொன்னார். பழைய ரைக்ஸ்ப்ரூக்கெ 1976 ஆகஸ்ட் 1, ஞாயிறு அதிகாலை ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. அவருக்கு அப்போது எட்டு வயது, அவருடைய அப்பா எழுப்பிக் கூட்டிவந்து காட்டினாராம். வார நாளாக இருந்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னாராம். மகள் அன்றைக்குப் பாலத்தின் அடியில் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

மறுமொழி 4:

சுருக்கமாக ஒன்று. கிரெம்ஸிலிருந்து கீழே டுல்ன் ஊருக்கு வருகிறவர்கள் தென்கரையில் வாருங்கள். ட்ஸ்வென்டென்டார்ஃபில் பாதையை ஒட்டி ஓர் அணுமின் நிலையம் நிற்கும். முழுதாகக் கட்டி முடித்து ஒரு நாள்கூட ஓடாதது. 1978 நவம்பர் 5 வாக்கெடுப்பில் 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அங்கே ஒரு தாத்தா என்னை நிறுத்தி, தான் வேண்டும் என்று ஓட்டுப் போட்டதாகவும், அவர் மனைவி வேண்டாம் என்று போட்டதாகவும் சொன்னார். "அவள் சொன்னதுதான் சரி" என்றார். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பதிவைத் தொடங்கியவர்:

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி, அந்த முள் கதையைப் படித்துவிட்டு உடனே என் பம்பை எடுத்து வால்வில் பொருத்திப் பார்த்தேன். வருகிறவர்கள் தயவுசெய்து கிளம்புமுன் அப்படிப் பார்த்துவிடுங்கள்.

பையனோடு வருகிற நண்பருக்கு: முதல் நாள் தீவு. அவனுக்குப் பிடித்துவிட்டால் இரண்டாம் நாள் ரயிலில் கிரெம்ஸ் போய், அங்கிருந்து ஸ்பிட்ஸுக்கும் ரயிலிலேயே போங்கள். ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், காலையிலேயே ஏறுங்கள். ஸ்பிட்ஸில் படகேறித் தென்கரைக்கு மாறி, அங்கிருந்து கிரெம்ஸ் வரை 20 கிலோமீட்டருக்குள்தான் வரும். நடுவில் ரொஸாட்ஸில் நிறுத்துங்கள். எதிர்க்கரையில் ட்யூர்ன்ஸ்டைன் மடத்தின் நீலக் கோபுரம் தெரியும், அதற்கு மேலே பாறையில் இடிந்த கோட்டை. இங்கிலாந்து ராஜா ரிச்சர்டை 1192-இல் பிடித்து அடைத்துவைத்த கோட்டை அதுதான் என்று சொன்னால் பையன் கீழே இறங்கி நிற்பான். வாசலில் பைன் கிளைக் கொத்து தொங்குகிற வீடு வந்தால் உள்ளே போகலாம், திராட்சைத் தோட்டக்காரர் கடை திறந்திருக்கிறார் என்று அர்த்தம். திராட்சை ரசம் குடிக்காதவர்களுக்கு ஆப்ரிகாட் சாறு கிடைக்கும்.

படகில் அவனைச் சுக்கான் பக்கத்தில் நிற்கவிடுங்கள். கப்பி உருளும் சத்தம் அங்கேதான் நன்றாகக் கேட்கும்.