மேனேஜர் பதவி இருந்தும் எல்-1ஏ-வுக்கு ஆர்எஃப்இ வந்தது: என் அனுபவம்

"விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருக்கிறது, எல்-1ஏ-வுக்கு அது போதுமா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். போதாது. எல்-1ஏ என்பது பன்னாட்டு நிறுவனம் தன் மேனேஜரையோ எக்ஸிகியூட்டிவையோ அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்ற வாங்கும் விசா. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சோழிங்கநல்லூரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் ஒன்பது வருடம் வேலை, அதில் கடைசி நாலு வருடம் டெலிவரி மேனேஜர். அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்றல் முடிவானதும் கம்பெனி அமெரிக்கக் குடியேற்றத் துறையில் எனக்காகத் தனி பெட்டிஷன் போட்டது. சப்போர்ட் லெட்டரை யாரோ பழைய கடிதத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், நானும் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை. ஆர்எஃப்இ, அதாவது கூடுதல் ஆதாரம் கேட்கும் நோட்டீஸ், வந்த பிறகுதான் அந்தக் கடிதத்தை முதல்முறை பார்த்தேன். 'குழுவை வழிநடத்துகிறார், தரத்தைக் கவனிக்கிறார்' என்று யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற வரிகள், நடுவில் கோட் ரிவ்யூ செய்கிறார் என்று வேறு. படித்தால் எனக்கே நான் ஒரு சீனியர் டெவலப்பர் மாதிரிதான் தெரிந்தேன்.

குடியேற்றத் துறை கேட்டது நியாயமான கேள்விகள்தான். எந்த வேலைக்கு எத்தனை சதவீதம் நேரம் போகிறது, கீழே இருப்பவர்கள் என்ன படித்தவர்கள், ஆள் எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் உண்டா. வெறும் முதல் நிலை சூப்பர்வைசர் என்றால் சட்டப்படி மேனேஜர் ஆகாது, கீழே இருப்பவர்கள் பட்டப்படிப்பு தேவைப்படும் தொழிலில் இருப்பவர்களாக இருந்தால்தான் ஆகும். எனக்குக் கீழே 4 டீம் லீடுகள், அவர்களுக்குக் கீழே 31 பேர். கடிதத்திலோ '35 பேர் கொண்ட குழு' என்று மட்டும் இருந்தது, நடுவில் ஒரு அடுக்கு இருப்பதே தெரியவில்லை.

பதில் சொல்ல 84 நாள் இருந்தது. ஒரு வருடத்து காலண்டரைத் திறந்து வைத்து, தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து மணிக்கணக்கு எழுதினேன். பட்ஜெட், ஆள் ஒதுக்கீடு 40 சதவீதம், இன்டர்வியூவும் அப்ரைசலும் 25, கிளையன்ட் ஒப்பந்த வேலை 25, தொழில்நுட்ப ரிவ்யூ வெறும் 10. நான் கையெழுத்துப் போட்ட அப்ரைசல்கள், ஒவ்வொருவர் பட்டத்தோடும் ஆர்கனைசேஷன் சார்ட், எல்லாம் வைத்தோம். அப்ரூவ் ஆனது.

அப்புறம் ஸ்டாம்பிங், அதாவது விசா இன்டர்வியூ, ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். மூன்று நிமிடம்கூட இருக்காது. "யாரையாவது வேலையை விட்டு எடுத்திருக்கிறீர்களா?" என்று அதிகாரி கேட்டார். 2022-ல் ஒரு பையனை வேலையிலிருந்து நீக்க வேண்டி வந்தது, அன்று அவன் முகம் இன்னும் மறக்கவில்லை, அதைத்தான் சொன்னேன். விசா கிடைத்தது.

*

அண்ணா, ரொம்ப நன்றி. என் கதை வேறு. நான் கம்பெனியில் சேர்ந்து 14 மாதம் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் நடுவில் பி-1 என்ற வணிகப் பயண விசாவில் அமெரிக்காவில் டாலஸ் போய் மூன்றரை மாதம் இருந்திருக்கிறேன். அது தொடர்ச்சியை முறிக்காதாம், ஆனால் அந்த நாட்கள் கணக்கிலும் சேராதாம். முந்தைய மூன்று வருடத்துக்குள் முழுசாக ஒரு வருடம் அமெரிக்காவுக்கு வெளியே வேலை செய்திருக்க வேண்டும், எனக்குப் பத்தரை மாதம்தான். பெட்டிஷன் தள்ளிப் போய்விட்டது. பாஸ்போர்ட் முத்திரைகளை முதலிலேயே எண்ணியிருக்கலாம். இன்னொன்று கேட்கணும், போன மாதம்தான் எனக்கு மேனேஜராகப் பதவி உயர்வு வந்தது. அது பாதிக்குமா?

*

தம்பி, எல்-1ஏ-வுக்குப் பெரிதாகப் பாதிக்காது. இங்கே அந்த ஒரு வருடம் சிறப்பு அறிவு வேலையில் (கம்பெனியின் தயாரிப்பு, நடைமுறை பற்றிய தனி நிபுணத்துவம் வேண்டிய வேலை) இருந்திருந்தாலும், அங்கே போய்ச் செய்யப்போவது மேனேஜர் வேலையாக இருந்தால் போதும். ஆனால் பின்னால் ஈபி-1சி என்ற பன்னாட்டு மேனேஜர்களுக்கான பிரிவு வழியாக கிரீன் கார்டு போடும் எண்ணம் இருந்தால், இங்கே செய்த அந்த ஒரு வருடமே மேனேஜர் அல்லது எக்ஸிகியூட்டிவ் வேலையாக இருந்திருக்க வேண்டும். அதில் பெர்ம் (அந்த வேலைக்கு அமெரிக்காவில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டும் நடைமுறை) கிடையாது என்பதால் எல்லோரும் அதைத்தான் நம்புகிறார்கள், இந்த விஷயம் தெரியாமல் கிளம்பி விடுகிறார்கள். அங்கே போனபிறகு இதைச் சரிசெய்ய வழியில்லை, திரும்பி வந்து ஒரு வருடம் இங்கே மேனேஜராக இருந்தால்தான் உண்டு. அவசரம் இல்லையென்றால் இங்கேயே மேனேஜராக ஒரு வருடம் முடித்துவிட்டுப் போ. இப்போதிலிருந்தே நீ போடும் அப்ரைசல், எடுக்கும் இன்டர்வியூ எல்லாவற்றுக்கும் தேதியோடு ஒரு பதிவு வைத்துக்கொள்.