தீபாவளி மடல் 60: டை நடுவில் வெட்டவில்லை, முத்திரை திட்டுத் திட்டாகப் பதிகிறது

வெள்ளவத்தை06:

வணக்கம். தீபாவளிக்கு 60 வாழ்த்து மடல் செய்து கொடுக்க வேண்டும். 250 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்ற தடிப்புக் கணக்கு) வெள்ளை மட்டையில் ஏ6 அளவு மடல். முன்பக்கம் மெரூன் பிறிஸ்டல் போர்ட்டில் டையால் (உருவம் வெட்டும் உலோக அச்சு) வெட்டின 9 செ.மீ. குத்துவிளக்கு, அதன் அடியில் மூன்று கடதாசிப்பூ, மேலே "தீபாவளி நல்வாழ்த்துகள்" முத்திரை, அதற்குத் தங்கப் பவுடர் எம்போசிங் (பவுடரைச் சூட்டில் உருக்கி எழுத்தைப் புடைப்பாக்குவது).

மாதிரி மடலில் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் பிசகுது. விளக்கின் ஓரம் வெட்டுது, நடுவிலுள்ள நுணுக்கமான வேலைப்பாடு வெட்டுதில்லை. கையால் சுழற்றுகிற இயந்திரம்தான். முத்திரை கண்ணாடி மாதிரித் தெளிவான பொலிமர் வகை. திட்டுத் திட்டாகப் பதியுது. பவுடர் எழுத்தில் மட்டும் நிற்காமல் மடல் முழுக்க ஒட்டுது. பூ இரவில் வடிவாக இருக்கும், விடிய இதழ் விரிந்து தட்டையாகிவிடும். மடிப்பில் மட்டை வெடிக்குது. இதில் பாதி மடல் தபாலில் போக வேண்டும். எங்கே இருந்து திருத்தத் தொடங்கலாம்?

உருளை:

டை பற்றி மட்டும் நான் சொல்லுறன். நடு வெட்டாட்டி டை மொட்டையாப் போச்சு எண்டு நினைச்சு வேற டை வாங்கிப் போடாதேங்கோ. பிழை அநேகமா டையையும் மட்டையையும் நடுவில வைச்சு ஓட்டுற பிளேட்டிலதான். இயந்திரத்தின்ர இரண்டு உருளையும் கரையிலதான் தாங்கி நிற்குது, அதனால நடுவில அழுத்தம் கொஞ்சம் குறைவு. அதோட பிளேட்டை எப்பவும் ஒரே பக்கமா ஓட்டினா அது வளைஞ்சு நடுவில இடைவெளி விடும். ஒவ்வொரு தடவையும் பிளேட்டைப் புரட்டுங்கோ, மேல் பிளேட்டையும் கீழ் பிளேட்டையும் இடைக்கிடை மாத்துங்கோ.

பிறகும் வெட்டாட்டி ஷிம், அதாவது இடைவெளியை நிரப்புற தாள், வைக்கவேணும். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று போதும். வெட்டாத இடத்தின்ர அளவுக்கு மட்டும் வெட்டி, மேல் பிளேட்டுக்கும் டைக்கும் நடுவில வையுங்கோ. காணாட்டி இன்னொன்று. ஒரேயடியா நாலைஞ்சு தாள் அடுக்கினா பிளேட் வெடிக்கும், இல்லாட்டி பல்சக்கரம் கெடும். சுழற்றும்போது நறநற எண்டு சத்தம் வாறது வழமை; கைபிடி இறுகி நிண்டா பலம் போடாம பின்னால சுழற்றி எடுத்து ஒரு தாளைக் குறையுங்கோ.

டையை நேரா வைக்காம சரிச்சு வையுங்கோ. விளக்குத் தண்டின்ர நீள அலகு உருளைக்குச் சமாந்தரமாப் போனா முழு அலகிலயும் ஒரே நேரத்தில அழுத்தம் விழும், அது பிரிஞ்சு பலன் குறையும். சரிச்சு வைச்சா கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கொண்டு போகும். டையின்ர வெட்டுற பக்கம் பிறிஸ்டலின்ர நல்ல பக்கத்தைப் பார்க்கவேணும். அப்பதான் ஓரம் லேசா உருண்டு வரும். டை நகராம இருக்க ஒட்டு குறைஞ்ச காகித டேப்பில சின்னத் துண்டு. டேப்பை முதலில துணியில ஒருக்கா ஒட்டி எடுத்தா மட்டையைக் கிழிக்காது.

வெட்டின துண்டு டைக்குள்ள சிக்கினா ஊசியால குத்தி எடுக்கிறதை விட, டைக்கும் மட்டைக்கும் நடுவில கேக் சுடேக்க விரிக்கிற பேக்கிங் பேப்பர் ஒரு துண்டு வைச்சு வெட்டுங்கோ. கழன்று வந்திடும்.

இனி முக்கியமான ஆள், ஈரம். ஐப்பசி மழைக்குக் கொழும்பில மட்டை எல்லாம் தண்ணி குடிச்சு நிற்கும். ஈரப் பிறிஸ்டலில அலகு வெட்டாது, நசிக்கும். வெட்டின ஓரத்தில மயிர் மாதிரி நார் நிண்டா அதுதான் அடையாளம். வெட்டப்போற மட்டையை முதல் நாளே சிலிக்கா ஜெல் பை நாலைஞ்சோட பிஸ்கற் ரின்னுக்குள்ள அடைச்சு வையுங்கோ. வேலை செய்யும்போது ஒவ்வொன்றா எடுங்கோ, மூடியைத் திறந்து விடாதேங்கோ. ஏசி அறை இருந்தா இன்னும் நல்லம்.

யானைச் சாணத் தாளில விளக்கு வெட்டலாமா எண்டு இங்க அடிக்கடி கேக்கினம். பார்க்க அழகுதான். ஆனா நார் நீளம். நுணுக்கமான டை அதில வெட்டாது, பிய்க்கும். பெரிய இலை, வட்டம் மாதிரி எளிய உருவத்துக்கு மட்டும் பாவியுங்கோ.

மைப்பெட்டி:

புதுப் பொலிமர் முத்திரையின் மேல் அச்சிலிருந்து வந்த மெல்லிய வழுக்கல் படலம் இருக்கும். மை அதில் துளித் துளியாக ஒதுங்கும். அந்தத் துளிகள்தான் திட்டாகப் பதிகின்றன. வெள்ளை அழிறப்பரால் முத்திரையின் முகத்தை மெதுவாகத் தேயுங்கள். பளபளப்புப் போய் லேசாக மங்கினால் போதும். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நூல் விடாத துணியால் ஒற்றுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், பொலிமர் காலப்போக்கில் விறைத்துவிடும்.

மைப் பெட்டியில் முத்திரையை வைத்து அழுத்தாதீர்கள். முத்திரையை மேல்நோக்கிப் பிடித்து, மைப் பெட்டியை அதன்மேல் தட்டுங்கள். அழுத்தினால் எழுத்தின் பக்கவாட்டிலும் மை ஏறி, கரையில் இரட்டைக் கோடு விழும். மடலுக்கு அடியில் 2 மி.மீ. அளவு மெல்லிய ஃபோம், பழைய மவுஸ் பாட் என்றாலும் சரி. முத்திரையை ஒட்டிப் பிடிக்கும் அக்ரிலிக் கட்டையை நேராக இறக்கி, விரல்களால் நாலு மூலையிலும் அழுத்தி, நேராகத் தூக்குங்கள். ஆட்டக் கூடாது.

60 மடலிலும் ஒரே இடத்தில் விழ வேண்டுமானால் கண் மதிப்பை நம்ப வேண்டாம். ஒரு பலகையில் இரண்டு தடித்த மட்டைத் துண்டை மூலைமட்டம் போல ஒட்டி, மடலின் மூலையை அதில் முட்ட வையுங்கள். அக்ரிலிக் கட்டைக்கும் அப்படியே இன்னொரு மூலை. முத்திரை மேசை வாங்க வசதி இருந்தால் வாங்கலாம். ஒரு தரம் சரியாகப் பதியாவிட்டால் அதே இடத்தில் மறுபடி பதிக்கலாம் என்பதுதான் அதில் உள்ள பெரிய வசதி.

எம்போசிங்குக்குச் சாதாரண சாய மை (dye ink) சரிவராது. உறிஞ்சிக் காய்ந்துவிடும், பவுடர் ஒட்ட ஈரம் இராது. பிக்மென்ட் மை, அல்லது வேர்சாமார்க் மாதிரி நிறமற்ற ஒட்டும் மை வேண்டும். பவுடர் எல்லா இடத்திலும் ஒட்டுவதற்குக் காரணம் மட்டையின் ஈரமும் கைரேகை எண்ணெயும். பழைய மெல்லிய காலுறையில் பேபி பவுடர் இரண்டு மேசைக்கரண்டி கட்டி, முத்திரை பதிக்கும் முன் மட்டையில் ஒற்றுங்கள். அதற்கும் முன் ஹீட் கன்னால் 10 செக்கன் மட்டையைச் சூடாக்கி ஈரத்தை ஓட்டுங்கள். ஈர மட்டையில் உருக்கினால் உள்ளிருந்து ஆவி கிளம்பி தங்கத்தில் சின்னச் சின்னக் குமிழி விழும்.

மேலே சுழலும் ஃபேனை நிறுத்துங்கள். புழுக்கம்தான், என்ன செய்வது.

பவுடரைக் கொட்டித் தட்டி, மிச்சத்தை டப்பாவில் திருப்பிவிட்டு, ஒதுங்கி ஒட்டிய துகளைச் சின்ன உலர் தூரிகையால் எடுங்கள். ஹீட் கன் வேறு பக்கம் பார்த்தபடி 15 செக்கன் சூடாகட்டும். பிறகு 5 செ.மீ. தூரத்தில் பிடித்தால் மங்கலான மஞ்சள் திடீரென்று பளிச்சென்று தங்கமாகும். அந்த நொடியே அடுத்த எழுத்துக்கு நகருங்கள். அங்கேயே நின்றால் பவுடர் மட்டைக்குள் இறங்கி, எண்ணெய்க் கறை போலத் தட்டையாகிவிடும். முடி உலர்த்தி வேலைக்கு ஆகாது: காற்று அதிகம், சூடு காணாது.

வெள்ளவத்தை06:

ரெண்டு பேருக்கும் நன்றி. முத்திரை இப்ப பதியுது. ஆனால் பவுடர் உருகினதும் "தீ"யின் மேல் சுழியும் "ழ்", "த்" புள்ளிகளும் அடைபட்டுப் போகுது. முத்திரையைத் திரும்பச் செய்விக்கலாம் என்று இருக்கிறேன். கடைக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

மைப்பெட்டி:

முதலில் பவுடரை மாற்றிப் பாருங்கள். பொடி எழுத்துக்கென்று நுண்ணிய துகள் உள்ள டீடெய்ல் பவுடர் வருகிறது. சாதாரணப் பவுடர் உருகிப் பரவும்போது தமிழ்ச் சுழிகளைத்தான் முதலில் மூடும்.

திரும்பச் செய்வித்தால் எழுத்தின் உயரம் 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கோட்டின் தடிப்பு 0.5 மி.மீ., புள்ளி 1 மி.மீ., புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையில் குறைந்தது 0.7 மி.மீ. வெளி. ஒரே வரியில் நெருக்காமல் "தீபாவளி" மேலே, "நல்வாழ்த்துகள்" கீழே. கோடு ஒரு இடத்தில் மெலிந்து ஒரு இடத்தில் தடிக்கும் எழுத்துருவை விட்டு, ஒரே தடிப்பான எழுத்துருவை எடுங்கள்.

சீல் செய்யும் கடைக்கு எழுத்தாக அனுப்ப வேண்டாம். பாமினியில் தட்டியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். யூனிகோட் என்றால் பழைய வடிவமைப்பு மென்பொருளில் "து" இரண்டாக உடையும், புள்ளி விலகி நிற்கும். எழுத்தை எல்லாம் கேர்வ் (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கி பிடிஎஃப் கொடுங்கள். நேராகவே கொடுங்கள், கண்ணாடித் திருப்பு அவர்கள் செய்வார்கள். நீங்களும் திருப்பினால் இரண்டு திருப்பும் சேர்ந்து காரியம் கெட்டுவிடும். மை உள்ளே ஊறி நிற்கும் ஃபிளாஷ் சீலைத் தந்துவிடப் பார்ப்பார்கள். அதில் எம்போசிங் மை ஏற்ற முடியாது. வெறும் ரப்பர் அல்லது பொலிமர் தகடு மட்டும் கேளுங்கள்.

கடதாசிப்பூ:

பூ விரிகிறதற்கும் ஈரம்தான் காரணம், ஆனால் மருந்தும் ஈரம்தான். உலர்ந்த தாளை விரலால் சுருட்டினால் அந்த வளைவு நிற்காது; இரவில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து பழைய தட்டைக்கே போகும். தாளை நனைத்து வளைத்து, வளைந்தபடியே முழுக்கக் காய விட்டால் நார் அந்த வடிவிலேயே பிடித்துக்கொள்ளும்.

தாள் 120 முதல் 160 ஜிஎஸ்எம் வரை. பிறிஸ்டல் இதற்குத் தடிப்பு. இதழின் மடிவில் வெள்ளை வெடிப்புத் தெரியும். ஐந்திதழ் வடிவம் மூன்று அளவில்: 2.5, 2, 1.5 செ.மீ. தண்ணீர் ஸ்பிரேயரால் எட்ட நின்று ஒரு தடவை, பனி விழுந்த மாதிரி. ஒரு நிமிடம் விட்டு, உள்ளங்கைத் தடிப்பு ஃபோமில் வைத்து, உருண்டை முனைக் கருவியால் ஒவ்வொரு இதழின் நடுவிலும் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள், இதழ் கிண்ணமாகும். கருவி இல்லாவிட்டால் பெரிய குண்டூசித் தலை. கடைசியாகப் பூவைப் புரட்டாமல் மையத்தை ஒரு அழுத்து, எல்லா இதழும் எழும்பும். ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து முழுக்கக் காய வைத்து, பின்பக்கம் பைண்டர் கம்மும் (வெள்ளைப் பசை) தண்ணீரும் சம அளவில் கலந்து மெல்லப் பூசுங்கள். பிறகு அடுக்கு மாறி அடுக்கு இதழ் மாறி வரும்படி ஒட்டி, நடுவில் ஒரு மணி.

கிரேப் தாளை நனைக்காதீர்கள். சாயம் இறங்கி வெள்ளை மட்டையில் கறை போடும்.

சுருள் ரோசா வேண்டாம் என்பேன். 8 செ.மீ. வட்டத்தைச் சுருளாக 1 செ.மீ. அகலத்தில் வெட்டிச் சுற்றினால் பூவின் உயரமும் 1 செ.மீ. வரும், சாதாரண உறைக்குள் அது தப்பாது. மேலே சொன்ன மூன்றடுக்குப் பூ 4, 5 மி.மீ.க்குள் நிற்கும்.

கொட்டாஞ்சேனை13:

மடிப்புக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மட்டைக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. ஏ4 தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்க. எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, மடிப்புக் கோடு அந்த வளைவின் அச்சோடு ஓட வேண்டும். நார் நீளப்பக்கமாக ஓடினால், 297 மி.மீ. நீளத்தை 148.5இல் குறுக்கே வெட்டி, 210 அகலத்தை 105இல் மடியுங்க. நார் அகலப்பக்கமாக ஓடினால் 105 அகல நீளப்பட்டியாக வெட்டி, 297ஐ 148.5இல் மடியுங்க. இரண்டிலும் ஒரு ஏ4இல் இரண்டு மடல். 60க்கு 30 தாள், சேதாரத்துக்கு 4 சேர்த்து வாங்குங்க. புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் தாள் கடைகளில் வாங்கும்போதே வளைத்துப் பார்த்து எடுக்கலாம்.

மை தீர்ந்த குமிழ்முனைப் பேனையை அடிமட்டத்தில் பிடித்து இரண்டு தரம் இழுத்துக் கீறுங்க. கீறலின் பின்னால் எழும்பும் மேடு மடலின் உள்பக்கம் வர வேண்டும். பலர் பள்ளத்தை உள்ளே வைத்து மடிப்பார்கள், அதில்தான் வெடிக்கும்.

பைண்டர் கம் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. பூவுக்குச் சரி, குத்துவிளக்குக்கு வேண்டாம். மெரூன் மட்டை தண்ணீர்ப் பசையில் நெளியும், தண்டின் ஓரத்தில் பசை பிதுங்கி மினுங்கும். பிறிஸ்டலின் பின்பக்கம் முழுவதும் இரட்டை ஒட்டுத் தாளை வெட்டுவதற்கு முன்பே ஒட்டிவிடுங்க. டை இரண்டையும் சேர்த்து வெட்டும், ஸ்டிக்கர் மாதிரி உரித்து ஒட்டலாம்.

உருளை:

அது சரி, ஆனா அந்த ஒட்டுத் தாள் வைச்சா ஷிம்மில ஒரு தாள் குறையுங்கோ, தடிப்பு கூடும். மலிவான இரட்டை ஒட்டு டேப் கொழும்புச் சூட்டில சில மாதத்தில ஒட்டு விடும். விளக்கின்ர அடியில பைண்டர் கம் இரண்டு பொட்டு வைக்கிறது நல்லம்.

கொட்டாஞ்சேனை13:

பொட்டு வைக்கலாம், சரி. தபாலுக்கு: சீ6 உறை 114க்கு 162 மி.மீ., ஏ6 மடல் தாராளமாகப் போகும். மொத்தத் தடிப்பு 5 மி.மீ.க்கு மேல் போனால் உறையை விடுங்க, பெட்டி செய்யுங்க. 300 ஜிஎஸ்எம் மட்டையில் அடிப்பெட்டிக்கு 139க்கு 183, மூடிக்கு 141க்கு 185 மி.மீ. வெட்டி, நாலு பக்கமும் 15 மி.மீ. உள்ளே கீறி, மூலையை வெட்டி மடித்து ஒட்டுங்க. இரண்டு துண்டும் ஒரே ஏ4இல் அடங்கும். மடல் அசையாமல் இருக்க அடியில் டிஷ்யூ ஒரு மடிப்பு.

வேலை வரிசை: மடித்தல், முத்திரை, எம்போசிங், பிறகு விளக்கு, கடைசியாகப் பூ. பூ ஒட்டின பிறகு ஹீட் கன் தூக்கினால் சூட்டில் பசை இளகிப் பூ வழுகும்.